சீந்துவாரற்ற வண்டியின் சிநேகிதர்

செவர்லே பிக்கப் என்றால் நம்மவருக்கு ஆகாது. அதிலும் 1947 முதல் 1955 வரை வந்த 3100 மாடல் என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அந்த வண்டி அவருக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. எல்லாருக்கும் அதைப் பிடித்துத் தொலைக்கிறது, அதுதான் அதன் குற்றம். கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையில், பனிக்கு நடுவே ஒரு மரத்தைச் சுமந்துகொண்டு சிவப்பாக ஒரு பழைய பிக்கப் நிற்கிறதே, அநேகமாக அந்த ஜாடைதான். காபிக் கோப்பை, கம்பளிப் போர்வை, தலையணை உறை என்று எதைத் தொட்டாலும் அந்தப் படம். “தலையணை உறையில் வந்துவிட்ட வண்டியை மானமுள்ளவன் ஓட்டுவானா?” என்பது நம்மவர் கட்சி.

அமெரிக்காவில் அயோவா, நெப்ராஸ்கா, கான்சஸ் என்று மக்காச்சோளம் விளையும் பக்கங்களில் இப்படிப்பட்டவர்களைச் சுலபமாகப் பார்க்கலாம். வயது அறுபதை ஒட்டியிருக்கும். நகக்கண்ணில் கிரீஸ், சட்டைப் பையில் அளவு டேப். பழைய பிக்கப்பை வாங்கி, தரையோடு தரையாக இறக்கி, வயிற்றுக்குள் பெரிய என்ஜினைத் திணித்து ‘ஹாட் ராட்’ ஆக்குவது இவர்களுக்குப் பொழுதுபோக்கு என்று சொல்வார்கள். வீட்டில் இருப்பவர்கள் வியாதி என்று சொல்வார்கள். நம்மவருக்கு வந்திருப்பது அதில் முற்றிய வகை. வண்டி பழையதாக இருந்தால் மட்டும் போதாது. அதை வேறு ஒருத்தரும் சீந்தியிருக்கக் கூடாது.

கேட்டால் அதற்குச் சரித்திர ஆதாரமே வைத்திருக்கிறார். ஹாட் ராட் என்பது காசில்லாத பையன்களின் விளையாட்டாகத்தான் ஆரம்பித்தது. தெற்குக் கலிபோர்னியாவில் மலிவாகக் கிடைத்த பழைய ஃபோர்டுகளை வாங்கி, மட்கார்டைக் கழற்றிக் கடாசி, கனத்தைக் குறைத்து, மியூராக் என்னும் வறண்ட ஏரிப் படுகையில் புழுதி கிளப்பினார்கள். 1937-ல் சங்கம் வைத்துப் போட்டியை முறைப்படுத்தினார்கள். 1948-ல் ‘ஹாட் ராட்’ என்றே ஒரு பத்திரிகை வந்தது. அந்தப் பையன்கள் உருட்டிக்கொண்டு வந்த 1932 ஃபோர்டு அன்றைக்குக் காயலான் கடைச் சரக்கு. இன்றைக்கு அதே 1932 ஃபோர்டின் உடம்பைப் புதுத் தகட்டில் அடித்து விற்கிறார்கள், அதை வாங்க வரிசையும் நிற்கிறது. “சீந்துவாரில்லாததைச் சீந்துவதுதான் இந்த விளையாட்டின் ஆதி தர்மம். ஊரே மறந்துவிட்டது. நான் ஒருத்தன்தான் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன்” என்பார் நம்மவர்.

தர்மத்தைக் காப்பாற்ற அவர் தேர்ந்தெடுத்த வண்டி, 1951-ம் வருஷத்து இன்டர்நேஷனல் எல்-110. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் என்பது சிகாகோக் கம்பெனி. நம் ஊர் மஹிந்திரா 1963-ல் டிராக்டர் தொழிலுக்குப் பிள்ளையார் சுழி போட்டதே இந்தக் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்துதான். டிராக்டர், அறுவடை இயந்திரம், லாரி என்று இரும்பில் என்னவெல்லாம் செய்யலாமோ அத்தனையும் செய்தார்கள். 1947-லிருந்து சில வருஷம் ஃபிரிட்ஜ்கூடச் செய்தார்கள். டிராக்டர் வாங்கப் போன விவசாயி, அதே கடையில் நின்ற பிக்கப்பையும் கையோடு ஓட்டி வந்துவிடுவார். அது தீவனம் சுமந்து, கன்றுக்குட்டி சுமந்து, தேய்ந்து ஓய்ந்ததும் கொட்டகைக்குப் பின்னால் நிறுத்தப்பட்டது. செவர்லேயையும் ஃபோர்டையும் தேடி ஆட்கள் வந்தார்கள். இதைத் தேடி வந்ததெல்லாம் கோழிகள்தான்.

நெடுஞ்சாலையில் போகும்போது நம்மவர் கண் சாலையில் இருக்காது. புதருக்கு மேலே எட்டிப் பார்க்கும் கூரை வளைவை வைத்தே இன்ன கம்பெனி, இன்ன வருஷம் என்று சொல்லிவிடுவார். அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போது பக்கத்து சீட்டிலிருந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்வது சம்சாரத்தின் பொறுப்பு.

“அந்தப் பிக்கப்பைக் கொடுக்கிறீங்களா?”

“எது, அதையா? கொடுக்கிறதா இல்லை. ஒருநாள் ரிப்பேர் பண்ணி ஓட்டணும்னு வெச்சிருக்கேன்.”

வண்டியின் பின்தளத்துப் பலகையைப் பிளந்துகொண்டு கிளம்பிய மரம் ஒன்று இரண்டு ஆள் உயரத்துக்கு வளர்ந்திருக்கும். அந்த மரத்து நிழலில் நின்றுகொண்டுதான் பண்ணைக்காரப் பெரியவர் இதைச் சொல்வார். பேரீச்சம்பழத்துக்குக்கூடத் தேறாது என்று கிடந்த இரும்பு, ஒருத்தர் விலை கேட்ட அந்த நிமிஷத்தில் பிதுரார்ஜிதம் ஆகிவிடும். “எங்கப்பா இதுலதான் என்னை ஸ்கூல்ல கொண்டுபோய் விடுவார்” என்று ஆரம்பிப்பார். ஞாபகத்துக்கு நூறு டாலர் வீதம் விலை ஏறும். நம்மவர் பெரியவரின் பால்யத்தை முழுசாக விலை பேசி முடித்த பிறகுதான் வண்டியைப் பற்றிய பேச்சே தொடங்கும். கடைசியில் மரத்தை வெட்டும் கூலியும் நம்மவர் தலையில்.

ஒரு வண்டி கட்ட ஒரு வண்டி போதாது என்பது இந்த உலகத்தின் முதல் பாடம். செவர்லேக்காரருக்குக் கவலையில்லை. கேட்லாக்கைப் புரட்டி எண்ணைச் சொன்னால் மட்கார்டு முதல் கதவு ரப்பர் வரை புத்தம் புதுசாகத் தபாலில் வந்துவிடும். இன்டர்நேஷனலுக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. ஆகவே உதிரி பாகத்துக்காக இரண்டாவதாக ஒன்று வாங்கவேண்டும்.

“இது எதுக்கு?” என்று சம்சாரம் கேட்டார்.

“உதிரிக்கு.”

“அப்போ அந்த மூணாவது?”

“இதுல இல்லாத உதிரிக்கு.”

“மூணுல எது ஓடும்?”

“இப்போதைக்கு உன் கார்தான்.”

ஓட்டுநர் காலடியில் தரைத் தகடு அரித்துப் போய், ஓட்டை வழியாகப் பூமாதேவி தரிசனம் தந்துகொண்டிருந்தாள். அந்த இடத்துக்கு வைத்துப் பற்றவைக்கத் தகடு தேடி, பழைய சாமான் விற்கும் இடமெல்லாம் அலைந்து, நம்மவர் ஒரு ஃபிரிட்ஜ் கதவைத் தூக்கிக்கொண்டு வந்தார். சாதாரண ஃபிரிட்ஜ் இல்லை, இன்டர்நேஷனல் ஃபிரிட்ஜ். அளந்து வெட்டி, வெல்டிங் வைத்து, கிரைண்டர் போட்டு இழைத்த பிறகு காலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். “கம்பெனிச் சரக்கு. ஒரிஜினல்” என்றார். அன்று இரவு அவர் தூக்கத்தில் சிரித்ததாகச் சம்சாரம் சாட்சி சொல்கிறார்.

இந்த ஒரிஜினல் பற்று தகட்டோடு சரி. பானட்டைத் திறந்தால் கதை வேறு. கம்பெனி வைத்தது ‘சில்வர் டயமண்ட்’ என்ற ஆறு சிலிண்டர் என்ஜின், 220 கன அங்குலம். மூட்டை சுமக்கப் பிறந்த ஜீவன். அவசரம் என்றால் என்னவென்று அதற்குத் தெரியாது. அதைச் சங்கிலி போட்டுத் தூக்கி இறக்கிவிட்டு, 350 கன அங்குல வி-8 என்ஜினை உட்காரவைத்தார் நம்மவர். யாருடைய என்ஜின்? செவர்லேயுடையது. கியர் பாக்ஸும் அந்த வீட்டுப் பெண்தான். முன்னால் இருந்த ஒற்றை ஆக்சிலும் பட்டை ஸ்பிரிங்கும் சாலையில் உள்ள குழிகளை எல்லாம் ஒன்று விடாமல் முதுகெலும்புக்கு அறிவித்துக்கொண்டிருந்தன. அவற்றைப் பிடுங்கிவிட்டு மஸ்டாங் 2 சஸ்பென்ஷன். 1974-லிருந்து 1978 வரை ஃபோர்டு விற்ற அந்தக் காரை மஸ்டாங் ரசிகர்கள் இன்றுவரை கேலி பேசுவார்கள். ஆனால் அதன் முன்சக்கர அமைப்பு சின்னது, ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும், ஸ்டியரிங் ரேக்கும் கூடவே வரும். அதனால் காருக்குக் கிடைக்காத மரியாதை அதற்குக் கிடைத்து, அந்த மாதிரியில் இன்னமும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். பின்னால் ஃபோர்டு ஆக்சில். வண்டியை இவ்வளவு இறக்கினால் ஆக்சில் மேலே வந்து சேசிஸில் இடிக்குமே? இடிக்கிற இடத்தில் சேசிஸைப் பிறை வடிவில் வெட்டி, வெட்டிய இடத்துக்குப் பலம் கொடுத்தாயிற்று. ஆறு வோல்ட் பாட்டரி போய்ப் பன்னிரண்டு வோல்ட் வந்தது.

இருதயம் செவர்லே, முன்னங்கால் பின்னங்கால் ஃபோர்டு. இது யார் வண்டி? வேதாளம் விக்கிரமாதித்தனிடம் இதே கேள்வியைத் தலை மாறிய புருஷர்களை வைத்துக் கேட்டிருக்கிறது. எண் சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்று ராஜா தீர்ப்பளித்தார். நம்மவர் அந்தக் கதையைக் கேட்டதில்லை என்றாலும் தீர்ப்பு அவர் பக்கம்தான். முகப்பில் ஐ.எச். என்ற முத்திரை இருக்கிறது. ரேமண்ட் லோவி வடிவமைத்த அந்த முத்திரையை எதிரே நின்று பார்த்தால் டிராக்டர் மேல் ஒரு விவசாயி உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கும். நம்மவர் அதை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டுவார். “தெரியுது, தெரியுது” என்று சொல்லும்வரை ஆளை விடமாட்டார்.

சர்க்கார் ஆபீஸ் மட்டும் விக்கிரமாதித்தனை ஒத்துக்கொள்வதில்லை. அந்தக் காலத்தில் சில மாநிலங்களில் என்ஜின் எண்ணை வைத்தே வண்டியைப் பதிவு செய்துவிட்டார்கள். என்ஜினை எடைக்குப் போட்ட பிறகுதான் பலருக்கு இந்த உண்மை தெரியவரும். பத்திரம் இருக்கிற வண்டி காயலான் கடையில், பத்திரம் இல்லாத வண்டி வீட்டு வாசலில்.

எல்லாம் முடிந்தது, பெயின்ட் எப்போது என்று அக்கம்பக்கத்தார் கேட்டார்கள். பெயின்டா? நம்மவர் காதைப் பொத்திக்கொண்டார். பல வருஷம் வெயிலும் பனியும் சேர்ந்து வளர்த்த துரு அது. அதன்மேல் நிறமில்லாத வார்னிஷ் அடித்துப் பளபளப்பாக்கிப் பாதுகாப்பதுதான் நாகரிகம். புதிதாக ஒட்டுப் போட்ட தகடு மட்டும் பளிச்சென்று நின்று மானத்தை வாங்கியது. அதற்கு உப்பும் வினிகரும் தெளித்து, வெயிலில் காயவைத்து, மறுபடி தெளித்து, மாவடுபோல் பக்குவம் பார்த்துத் துரு ஏற்றினார். துரு போக்குவதற்கு ஒரு டப்பாவும், துரு வரவழைப்பதற்கு ஒரு டப்பாவும் அவர் பட்டறையில் ஒரே அலமாரியில் இருக்கின்றன. டப்பா மாறிப்போன நாளில் வீட்டில் யாரும் அவரோடு பேசவில்லை.

இத்தனை பாடும் எதற்கு? வேகமாகப் போகவா? வேகமாகப் போனால் பிறர் பார்க்க முடியாது. அவர் வாழ்வதெல்லாம் பெட்ரோல் பங்க்கில்தான்.

முகம் தெரியாத ஒருத்தர் வண்டியைச் சுற்றி வருவார். “செவர்லேயா?”

“இல்லைங்க.”

“அப்போ ஃபோர்டு.”

“ம்ஹூம்.”

“டாட்ஜ்?”

நம்மவர் பதில் சொல்லமாட்டார். டாங்க் மூடியை ஒரு திருகு திருகுவார். கையைத் துடைத்துக்கொள்வார். ஆகாயத்தைப் பார்ப்பார்.

“பின்னே என்னதாங்க இது?”

அந்த ஒரு கேள்விக்குத்தான் மூன்று வண்டி, ஒரு ஃபிரிட்ஜ், வங்கியில் இருந்த சேமிப்பு எல்லாம். அதன் பிறகு அரை மணி நேரத்துக்கு அந்த மனிதருக்கு விடுதலை கிடையாது. அறுவடை இயந்திரத்திலிருந்து தொடங்கி டிராக்டர் கடை, ஃபிரிட்ஜ், லோவி, 1975-ல் கம்பெனி பிக்கப் செய்வதையே நிறுத்தியது வரை கேட்டுவிட்டுத்தான் போகவேண்டும். பின்னால் நிற்கிற கார்கள் ஹாரன் அடிக்கும். நம்மவர் அதைக் கைதட்டலில் சேர்த்துக்கொள்வார்.

இந்தப் பேரின்பத்தில் மண் விழுந்தது ஒரு சினிமாவால். 2006-ல் ‘கார்ஸ்’ என்ற கார்ட்டூன் படம் வந்தது. அதில் துருப்பிடித்த உடம்பும் எத்துப்பல்லுமாக, மேட்டர் என்று ஒரு இழுவை லாரி. கான்சஸ் மாநிலத்துக் கலீனா ஊரில், 66-ம் எண் பழைய நெடுஞ்சாலை ஓரம் நின்ற ஒரு 1951 இன்டர்நேஷனல் லாரிதான் அதற்கு மூலம். அதே கம்பெனி, அதே வருஷம், அதே துரு! பங்க்கில் நம்மவர் இறங்குவதற்குள் பக்கத்துக் காரின் பின்சீட்டுக் குழந்தைகள் “மேட்டர்! மேட்டர்!” என்று அலற ஆரம்பித்தன. “அது பெரிய லாரி கண்ணு. இது அரை டன் பிக்கப்” என்று அவர் விளக்கினார். “பல்லு எங்கே?” என்று கேட்டது குழந்தை. அப்பா படம் எடுத்துக்கொண்டார். என்ன வண்டி என்று ஒருத்தர் கேட்கவில்லை. பண்ணைப் பெரியவர்களும் விவரமாகிவிட்டார்கள். அவர்கள் விலையில் இப்போது பால்யத்தோடு சினிமாவும் சேர்ந்துகொண்டது.

எல்லாருக்கும் தெரிந்த வண்டியை மானமுள்ளவன் ஓட்டுவானா? போன மாதம் நம்மவர் வீட்டு வாசலில் ஒரு கிராஸ்லி பிக்கப் வந்து இறங்கியது. பவல் கிராஸ்லி என்ற ரேடியோ முதலாளி 1952-ல் கடையைக் கட்டும்வரை செய்த குட்டி வண்டி. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடைவெளி 80 அங்குலம். என்ஜின் 44 கன அங்குலம். அதில் 350-ஐ வைத்தால் ஓட்டுநர் எங்கே உட்காருவது என்ற யோசனையில் நம்மவர் டேப்பும் கையுமாக அலைகிறார். அவர் முகத்தில் பழைய களை திரும்பிவிட்டது. வாசலோடு போன தபால்காரர் நின்று, “என்ன சார் இது?” என்று கேட்டுவிட்டாராம்.

சம்சாரம் அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். “சின்னதாத்தான் இருக்கு. ஒரு வண்டி நிக்கிற இடத்துல ரெண்டு நிறுத்தலாம் போலிருக்கே” என்று ஆறுதலாக ஒரு வார்த்தை சொன்னார்.

சொல்லியிருக்கக் கூடாது. மறுவாரம் இரண்டாவதும் வந்துவிட்டது. உதிரிக்கு.