பதினேழு வயது வாத்தியார்

தக்கலை பஸ் ஸ்டாண்டில் காலை எட்டு மணிக்கு ஒருவனைச் சுற்றி ஏழெட்டுப் பேர் மொய்த்து நின்றால், சண்டை என்று நினைத்து எட்டிப் பார்க்க வேண்டாம். நடுவில் நிற்பவன் பிளஸ் டூ முதல் குரூப். கணக்கு ஹோம்வொர்க்கை நேற்று ராத்திரியே முடித்துவிட்டான். அவன் செய்த குற்றம் அவ்வளவுதான். குலசேகரம் பஸ்ஸில் வந்தவன் இடது பக்கத்தைப் பார்த்து எழுதுகிறான். கருங்கல் பஸ்ஸில் வந்தவன் வலது பக்கத்தை. திருவட்டாறு பஸ் வரும்போது நல்ல இடமெல்லாம் போய்விடும் என்பதால் அந்த ஊர்க்காரன் எதிரே நின்று தலைகீழாகவே எழுதப் பழகிவிட்டான்.

இப்படி ஒருத்தன் எல்லா வகுப்பிலும் உண்டு. அவனை முதல் ரேங்க்காரன் என்று தப்பாக நினைத்துவிடக் கூடாது. முதல் ரேங்க்காரனிடம் கேட்டால், "எனக்கும் வரல்ல மக்கா" என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்வான். அவனுக்கு வந்த கணக்கு பைக்குள் பத்திரமாக இருக்கும். நம் ஆளுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. "செய்திட்டியாடே?" என்று கேட்டால் "ஆமா" என்று உண்மையைச் சொல்லி மாட்டிக்கொள்வான்.

அவனிடம் வருகிறவர்கள் எடுத்த எடுப்பிலேயே கணக்கு கேட்பதில்லை. நம் ஊர் மரியாதை அப்படி. "சாப்பிட்டியா மக்கா? என்னடே ஒரு மாதிரி இருக்க, உறங்கல்லியா?" என்று அவன் உடம்பைப் பற்றி ஊரே கவலைப்படும். மூன்றாவது கேள்வியில்தான் பயிற்சி 9.3-இன் ஐந்தாவது கணக்கு எட்டிப் பார்க்கும்.

வருகிறவர்களிலும் பல ரகம். முதல் ரகத்துக்கு விடை மட்டும் போதும். அது புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் இருக்கிறதே என்றால், "வழி வேணும்லா" என்பான். வழியைச் சொல்ல ஆரம்பித்தால், "அதெல்லாம் பொறவு பாப்போம், நீ நோட்டத் தா" என்பான். இரண்டாவது ரகம், சொல்லி முடிக்கும் முன்பே "ஆங், வெளங்கிற்று" என்று தலையாட்டும். நம் ஆள் பேனாவின் மூடியைக் கழற்றியிருக்கவே மாட்டான். மூன்றாவது ரகம் பார்த்து எழுதுவதில் பக்தி மிகுந்தது. அடித்து எழுதிய வரியை அடித்தே எழுதும். ஒன்றைப் போட்டு ஏழாகத் திருத்தியிருந்தால், தானும் முதலில் ஒன்றைப் போட்டுவிட்டு ஏழாகத் திருத்தும். மறுநாள் பன்னிரண்டு நோட்டில் ஒரே இடத்தில் "பிளஸ் சி" விட்டுப்போயிருப்பதைக் கண்டு கணக்கு சார் திகைப்பார். நம் ஆள் மட்டும் குனிந்துகொள்வான்.

ராத்திரி செல்போன் வழியாக வருகிறவர்கள் தனி. கணக்கைப் படம் பிடித்து அனுப்புவார்கள். படத்தில் கட்டில், போர்வை, பூனை எல்லாம் தெளிவாக இருக்கும். கணக்கின் பாதி வெளியே நிற்கும். "கேள்வி முழுசா இல்லியேடே" என்று இவன் பதில் போட்டால், "இருக்கிறத வச்சு செய்யேன்" என்று வரும். அதையும் செய்துவிட்டுத்தான் இவன் படுப்பான்.

அத்தனை பேரிலும் நாலாவது ரகம் ஒன்றுதான் ஆபத்தானது. நோட்டைக் கேட்காது, விடையைக் கேட்காது. "ஏன்?" என்று கேட்கும்.

ஒருநாள் இயற்பியலில் விழும் பொருள் பாடம். நம் ஆள் உதாரணத்துக்குத் தொலைவில் போகவில்லை. பறளியாற்றின் மேலே நிற்கும் மாத்தூர் தொட்டிப்பாலத்தை எடுத்துக்கொண்டான். உயரம் 115 அடி. ஏறக்குறைய 35 மீட்டர். மேலேயிருந்து ஒரு கல்லை விட்டால் எவ்வளவு நேரத்தில் கீழே வரும்? எச் ஈக்வல் டு ஹாஃப் ஜி டி ஸ்கொயர். 35-ஐ இரண்டால் பெருக்கி 9.8-ஆல் வகுத்தால் 7.14. அதன் வர்க்கமூலம் 2.67 விநாடி. தரையைத் தொடும்போது வேகம் விநாடிக்கு 26 மீட்டர். அதாவது மணிக்கு 94 கிலோமீட்டர். "நம்ம தக்கலை ரோட்டுல எந்த பஸ்ஸும் போகாத ஸ்பீடு, கேட்டியா" என்று பெருமையாக முடித்தான்.

நாலாவது ரகம் அசையவில்லை. "கல்லுக்குப் பகரம் தேங்காயப் போட்டா?"

"அதே நேரந்தான்."

"தேங்காய்க்குக் கனம் கூடல்லியா? வேகமா வரண்டாமா?"

நம் ஆள் சூத்திரத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அதில் நிறைக்கு இடமே இல்லை. இதே சூத்திரத்தை எத்தனையோ கணக்கில் போட்டிருக்கிறான், நிறை எங்கே போயிற்று என்று ஒருநாளும் யோசித்ததில்லை. பேனாவைத் திறந்தான். கனம் கூடினால் பூமி இழுக்கும் விசையும் அதே அளவு கூடும். ஆனால் கனமான பொருளை நகர்த்துவதும் அதே அளவு கஷ்டம். விசையை நிறையால் வகுக்கும்போது மேலே உள்ள எம்மும் கீழே உள்ள எம்மும் அடிபட்டுப் போகின்றன, மிஞ்சுவது ஜி மட்டும். காற்றின் தடையைக் கணக்கில் சேர்க்காதவரை கல்லும் தேங்காயும் ஒன்றுதான். இதைச் சொல்லி முடித்தபோது கேட்டவனுக்கு விளங்கியதோ இல்லையோ, சொன்னவனுக்கு விளங்கிவிட்டது.

கணக்கைவிட ஊரையே உதாரணமாகக் காட்டுவதில் அவன் கெட்டிக்காரன். சமன்பாட்டில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போனால் குறி மாறும் என்பதை விளக்கப் பத்மநாபபுரம் அரண்மனையைக் காட்டுவான். 1956 நவம்பர் 1-ஆம் தேதி கல்குளம் தாலுகா தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது. இங்கேயே இருக்கும் அரண்மனை மட்டும் கேரள அரசின் பொறுப்பிலேயே நின்றுவிட்டது. "பாத்தியா, ஒரு டேர்முக்கு மட்டும் குறி மாத்த மறந்துட்டானுவ" என்பான். இதைக் கேட்ட பிறகு குறி மாற்ற எவனும் மறந்ததில்லை.

இவனுக்குப் பூர்வீகம் உண்டு. திண்ணைப் பள்ளிக்கூடத்தின் சட்டாம்பிள்ளைதான் இவனுடைய பாட்டன். பெரிய பையன் சின்னப் பையனுக்குச் சொல்லிக்கொடுப்பான். வாத்தியார் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். 1789-இல் சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் இல்லத்தின் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். தம் ஆசிரியர்கள் அந்த முறைக்கு இணங்காததால் ஒரு சிறுவனையே வாத்தியாராக்கினார். ஊருக்குத் திரும்பி 1797-இல் அதைப் புத்தகமாகப் போட்டார். இங்கிலாந்துப் பள்ளிகளில் அது 'மெட்ராஸ் முறை' என்றே பரவியது. ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரத்தில் மெட்ராஸ் காலேஜ் என்ற பெயரில் ஒரு பள்ளிக்கூடம் இன்றும் இருக்கிறது. பிற்பாடு ஹார்வர்டில் எரிக் மசூர் என்ற இயற்பியல் பேராசிரியரும் இதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். பாடத்தைப் பாதியில் நிறுத்தி, "பக்கத்தில் இருப்பவனுக்குப் புரியவையுங்கள்" என்று மாணவர்களை விட்டார். இப்போதுதான் புரிந்துகொண்டவனுக்கே புரியாதவன் எங்கே சிக்கினான் என்பது தெரியும் என்பது அவர் கண்டது. 1997-இல் அதற்கும் புத்தகம் வந்தது. பஸ் ஸ்டாண்டில் பை மேல் நோட்டை வைத்து நிற்கும் நம் ஆளுக்கு இதொன்றும் தெரியாது.

இத்தனை இருந்தும் ரிசல்ட் வரும்போது சறுக்குவான். எல்லோருக்கும் ஒவ்வொரு படியாக விளக்கி விளக்கி, தன் பேப்பரில் ஐந்து மார்க் கணக்கை மூன்று வரியில் முடித்துவிடுவான். "இது சிம்பிள்தானே" என்பதே அவன் நோய். திருத்துகிறவருக்கு அவன் மனசுக்குள் போட்ட ஸ்டெப் தெரியுமா? அவனிடம் படித்த திருவட்டாறுக்காரன் ஒரு வரி விடாமல் எழுதி இரண்டு மார்க் கூடுதலாக வாங்கிக்கொண்டு மிட்டாயோடு வருவான். வீட்டில் அம்மா, "உள்ள மார்க்க எல்லாம் ஊருக்கு வாரிக் குடுத்துட்டு வந்து நிக்கியே மக்ளே" என்பார்.

அம்மாமார்களுக்கு ஒரு வார்த்தை. மார்க் அப்படிப் போகவில்லை. ஸ்டெப் போடாததால் போனது. ஆகவே நோட்டைப் பூட்டி வைக்காதீர்கள், பஸ் ஸ்டாண்டுக்குப் போகிறவனைத் தடுக்காதீர்கள். பார்த்து எழுதுகிறவர்களை வேண்டுமானால் விரட்டுங்கள். "ஏன்?" என்று கேட்டுக்கொண்டு ஒருவன் வாசலில் வந்து நின்றால், உட்காரவைத்து ஒரு காப்பி கொடுங்கள். உங்கள் பிள்ளைக்கு அவன்தான் டியூஷன், ஃபீஸும் கிடையாது.