ஆளா, மெஷினா?

நம்ம ஊர் கான்ட்ராக்டர்களுக்கு இன்ஜினியரிங் தெரியாது என்று எவன் சொன்னது? எந்த வேலைக்கு ஆளை விடுவது, எந்த வேலைக்கு மெஷினை விடுவது என்பதில் அவர்களை மிஞ்ச ஆள் கிடையாது.

கண்மாய் தூர்வார வேண்டும். முடிந்தவரை மனித உழைப்புதான், கான்ட்ராக்டர் கூடவே கூடாது என்று 2005-ல் வந்த நூறு நாள் வேலைச் சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். அதனால்தான் பல ஊர்களில் ஜேசிபி பகலில் வராமல் ராத்திரி வந்தது. விடிந்து பார்த்தால் கரை தயார். பதிவேட்டில் கிழவிகள் மண் வெட்டியிருப்பார்கள். பாவம், ஜேசிபிக்கு வேலை அட்டை கிடையாதே!

கட்டடத்துக்கு வாருங்கள். ஒரு பெண்ணைத் தூக்கச் சொல்லும் சுமை 30 கிலோவைத் தாண்டக் கூடாது என்பது 1998-ல் போட்ட மத்திய விதி. செங்கல் ஒன்று சுமார் மூன்று கிலோ. சித்தாள் தலையில் பன்னிரண்டு அடுக்கி மூன்றாவது மாடிக்கு ஏற்றுவார்கள். அவள் கழுத்துக்கு வாடகை இல்லை. அவசரம் வந்து லிப்ட் மெஷினை இறக்கினாலோ, “நாளைக்கு வரவேணாம்மா.” அந்த மெஷினில் பட்டன் அமுக்கும் வேலையாவது அவளுக்குக் கிடைக்குமா? அதற்கு ஆம்பளைதான் வேண்டுமாம். ஆண்டாண்டாய்க் கலவை சுமந்தவள் கையில் கரண்டி கொடுக்காத மகான்கள், பட்டனையா கொடுத்துவிடுவார்கள்!

இனி பாதாளச் சாக்கடை. பதினைந்தடிக் குழி. முந்தின நாள் மழையில் மண் இளகிக் கிடக்கிறது. ஜேசிபி டிரைவர் எட்டிப் பார்த்துவிட்டு, “கிட்டப் போனா கரை சரிஞ்சிரும்ணே, வண்டி குப்புற விழுந்திரும்” என்கிறார். நியாயம்தானே, வண்டிக்கு டியூ இருக்கிறது. “சரி, வண்டியப் பின்னால எடு” என்கிற மேஸ்திரி, அடுத்த மூச்சில், “டேய், ரெண்டு பேர் இறங்கி அந்தக் குழாயச் சேத்து விடுங்கடா” என்கிறார். வண்டி நிற்கவே லாயக்கில்லாத கரைக்கு அடியில் இரண்டு மனிதர்கள். மண் சரியாமல் இரண்டு பக்கமும் தகரமும் சட்டமும் வைத்து முட்டுக் கொடுக்க வேண்டும். அந்த முட்டு பில்லில் பத்திரமாக இருக்கிறது, குழியில்தான் இல்லை.

மண் சரிந்தபின் பாருங்கள், பின்னால் எடுத்த அதே ஜேசிபி பாய்ந்து வரும், பிணத்தைத் தோண்டி எடுக்க. இதுதானய்யா உங்கள் இயந்திரமயம்!

அதற்கப்புறம் எஃப்.ஐ.ஆர். அஜாக்கிரதையால் மரணம் என்று 106-வது பிரிவு. மேஸ்திரி கைதாவார், ஜாமீனில் வருவார். அந்த மேஸ்திரியும் நேற்றுவரை மண் சுமந்தவர்தான். இல்லாத முட்டுக்கு அளவு போட்டு எம்-புக் என்கிற அளவுப் புத்தகத்தில் எழுதிய இன்ஜினியர், அந்த பில்லுக்குப் பணம் வாங்கிய கான்ட்ராக்டர், இருவரையும் முதல் இரண்டு குற்றவாளிகளாகச் சேருங்கள். அதுவரை நிவாரணக் காசோலையோடு எவரும் அந்த வீட்டு வாசலில் போட்டோவுக்கு நிற்க வேண்டாம்.