காசு கொடுத்து வாங்கிய இருட்டு

பெங்களூரு ரிச்சர்ட்ஸ் டவுனில் இருட்டுக்குப் பஞ்சமே கிடையாது. பார்க்கைச் சுற்றியுள்ள தெருக்களில் பெரிய பெரிய மரங்கள். தெருவிளக்குகள் எரியாமல் இல்லை, எரிகின்றன; மரத்தின் மேல்பாதிக்கு. கீழே நடக்கிற நாம் செல்போன் டார்ச்சை அடித்துக்கொண்டு பள்ளம் எது, படுத்திருக்கும் நாய் எது என்று பார்த்துப் போகவேண்டும். இப்படி வாசலிலேயே இலவசமாகக் கிடைக்கும் சரக்கை லட்ச ரூபாய்க்கு மேல் கொடுத்துக் கடையிலிருந்து வாங்கி வந்திருக்கிறேன். ஓ.எல்.இ.டி. டி.வி. என்று பெயர்.

அதற்கு முன் ஹாலில் இருந்தது 2011 உலகக் கோப்பைக்காக வாங்கிய 32 இன்ச் எல்.சி.டி. வான்கடேயில் தோனி அடித்த கடைசி சிக்ஸரை எங்கள் காம்பவுண்டு முழுவதும் அதில்தான் பார்த்தது. அன்றிலிருந்து ஒரு ரிப்பேர் கிடையாது. ஒரே குறை, அதற்குக் கறுப்பு வராது. ராத்திரிக் காட்சி என்றால் சாம்பல் பூசிக்கொள்ளும். பேய்ப் படத்தில் பேய் வருவதற்கு முன்பே அது ஒளிந்து நிற்கும் மூலை பளிச்சென்று தெரிந்துவிடும். “அதோ நிக்குது” என்று என் மகன் எங்களையெல்லாம் முன்கூட்டியே எச்சரித்துவிடுவான். அந்த வகையில் குடும்பத்துக்கு ஏற்ற டி.வி.

எல்.சி.டி.யின் பின்னால் ஒரு விளக்கு எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும். முன்னால் இருக்கும் திரவப் படிகங்கள் அந்த வெளிச்சத்தைத் தேவைக்கேற்ப விடும், அல்லது மறைக்கும். கறுப்பு வேண்டுமென்றால் முழுக்க மறைக்க வேண்டும். அதுதான் நடக்காது. கல்யாண மண்டபத்து ட்யூப்லைட்டை ஜன்னலில் சேலை கட்டி மறைத்துவிட்டுத் தூங்கப் பார்க்கிற மாதிரி, எங்கேயாவது ஓரத்தில் கசிந்துகொண்டே இருக்கும். ஓ.எல்.இ.டி.யில் பின்விளக்கே இல்லை. 4கே திரையில் இருக்கும் ஏறத்தாழ 83 லட்சம் புள்ளிகளும் தனித்தனியாகத் தாமே எரிகின்றன. கறுப்பு வேண்டிய இடத்தில் தாமே அணைந்துவிடுகின்றன. பழைய டி.வி.யில் ஒரு புள்ளி அணைந்தால் மெக்கானிக்கைக் கூப்பிடுவோம். இதில் பாதித் திரை அணைந்தால் “ஆகா, என்ன டெக்னாலஜி!” என்கிறோம்.

கடையில் விற்பனைப் பையன் இந்தியில் ஆரம்பித்தான். நான் கன்னடத்தில் பதில் சொன்னேன். என் மனைவி விலையைப் பார்த்துவிட்டுத் தமிழில் முணுமுணுத்தது காதில் விழுந்ததும் அவனும் தமிழுக்கு வந்து சேர்ந்தான். கன்டோன்மென்ட் பக்கத்தில் எல்லா வியாபாரமும் இந்த ரூட்டில்தான் போகும்.

“சார், கறுப்பப் பாருங்க சார், கறுப்ப” என்றான். கன்னங்கரிய கடலில் ஒரு ஜெல்லி மீன் மிதந்துகொண்டிருந்தது. பக்கத்து எல்.சி.டி.யில் அதே மீன் வெளிறிப்போய் நீந்தியது. உலகத்தில் எங்கே டி.வி. கடை வைத்தாலும் இந்த ஜெல்லி மீன் வந்துவிடுகிறது. மீன் அலுத்தால் கறுப்புப் பின்னணியில் தேன் வடிகிறது, தேன் அலுத்தால் பஞ்சவர்ணக்கிளி. பத்து நிமிஷம் பார்த்தபின் என் மனைவி கேட்டாள்:

“ஏங்க, இந்த மீன் நம்ம வீட்லயும் வருமா?”

“அது டெமோ வீடியோ மேடம், கடைக்கு மட்டும்தான்” என்றான் பையன்.

“அப்ப நம்ம வீட்ல என்ன வரும்?”

பையன் உடனே பேச்சை வரிக்கு மாற்றினான். 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டி.வி.களுக்கு 28 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி.யை 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமாகக் குறைத்திருந்தார்கள். அரசாங்கமே பத்து சதவீதம் இறங்கி வரும்போது நாம் பிடிவாதம் பிடிப்பது நாட்டுக்கு நல்லதில்லை என்று மனைவியிடம் எடுத்துச் சொன்னேன். “வாங்காம இருந்தா நூறு சதவீதம் மிச்சம்” என்றாள். அந்தக் கணக்குக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. வாங்கிவிட்டோம்.

இந்தக் கறுப்புக்கு ஒரு ஜாதகம் உண்டு. அமெரிக்காவில் ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனத்தில் வேலை பார்த்த சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் என்ற இருவர், மெல்லிய கரிமப் படலங்களில் பத்து வோல்ட்டுக்கும் குறைவான மின்சாரத்தைச் செலுத்தி நல்ல வெளிச்சம் வரவழைத்ததை ஓர் ஆய்விதழில் வெளியிட்டார்கள். இன்றைய ஓ.எல்.இ.டி.க்கெல்லாம் அந்தக் கட்டுரைதான் மூலம். இதழின் தேதி 1987 செப்டம்பர் 21. சரியாக ஒரு மாதம் கழித்து, அக்டோபர் 21, தீபாவளிக்கு, மணிரத்னத்தின் ‘நாயகன்’ வெளியானது. ஒளிப்பதிவு பி.சி. ஸ்ரீராம். தேசிய விருது கிடைத்தது. மணிரத்னம் படமென்றால் இருட்டு என்று மிமிக்ரி மேடைகளில் கேலியும் கிடைத்தது, அது மட்டும் இன்னும் நின்றபாடில்லை.

என் கட்சி என்னவென்றால், ஃபிலிம் ரோல் விற்ற கோடாக்கும் நம்ம ஊர் ஸ்ரீராமும் ஒருவரையொருவர் அறியாமல் ஒரே காரியத்தில் இறங்கியிருந்தார்கள். அங்கே இருட்டைக் காட்டுவதற்கான பெட்டிக்கு விதை போட்டார்கள். இங்கே அதில் காட்டவேண்டிய இருட்டைத் தயார்செய்து வைத்தார்கள். இரண்டும் எங்கள் ஹாலில் சந்திக்க இத்தனை காலம் பிடித்தது. நடுவில் 2007இல் சோனி முதல் ஓ.எல்.இ.டி. டி.வி.யை விற்பனைக்குக் கொண்டுவந்தது, 11 இன்ச். நாயகனான வேலு நாயக்கரின் மூக்குக்கே இடம் போதாது. 55 இன்ச் கடைக்கு வந்தது 2013இல்தான்.

ஆகவே முதல் நாள் ராத்திரி விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு ‘நாயகன்’ போட்டேன். வேறெந்தப் படத்தைப் போட்டாலும் அபசாரம். அந்த இருட்டு இருக்கிறதே, திரை எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. முகத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் விளக்கு விழ, மறுபக்கம் அப்படியே இரவில் கரைந்திருந்தது. எனக்குத் தொண்டை அடைத்தது.

“ஏன்டா, அந்தாளுக்குப் பாதி மூஞ்சியக் காணோம்?” என்றார் அம்மா.

“அதுதாம்மா ஒளிப்பதிவு.”

“பழைய டி.வி.ல முழுசாத் தெரிஞ்சுதே.”

“அதும்மா… அதுல தெரியக்கூடாததும் தெரிஞ்சுது. இதுதான் கலை.”

“கலையா இருந்தா வெளிச்சத்துல காட்டவேண்டியதுதானே?”

பாட்டிக்காக மகன் ரிமோட்டை வாங்கி ‘விவிட்’ என்ற மோடில் போட்டான். படத்தில் வரும் தாராவி, சுற்றுலாத்துறை விளம்பரமாகிவிட்டது. இன்னொரு பட்டனைத் தட்டினான், நாயக்கர் மளமளவென்று வழுக்கிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். சினிமா என்பது நொடிக்கு 24 சட்டகம். இந்த டி.வி.கள் அது போதாதென்று நடுவில் தாமாகவே சட்டகங்களைக் கற்பனை செய்து நிரப்புகின்றன. கிரிக்கெட்டுக்கு அது நல்லது, பந்து தெளிவாகத் தெரியும். சினிமாவுக்குப் போட்டால் நாயகன் மெகா சீரியலாகிவிடுகிறது. எப்போது யார் கன்னத்தில் அறைந்து அதை மூன்று தடவை காட்டப்போகிறார்களோ என்று மனசு காத்திருக்கத் தொடங்கிவிடுகிறது. 2018 டிசம்பரில் டாம் குரூஸ் ‘மிஷன் இம்பாசிபிள்’ இயக்குநர் கிறிஸ்டோபர் மெக்குவாரியுடன் நின்று, தயவுசெய்து வீட்டு டி.வி.யில் இந்த வசதியை அணைத்துவிடுங்கள் என்று ஒரு வீடியோவே வெளியிட்டார். விமானத்தின் வெளிப்பக்கம் தொங்கும்போதுகூட அந்த மனிதர் அவ்வளவு கவலையாகத் தெரியவில்லை. நானும் அணைக்கப் பார்த்தேன். கம்பெனிக்குக் கம்பெனி அதற்கு வேறு பெயர் வைத்து, மெனுவுக்குள் மெனுவுக்குள் மெனுவாகப் புதைத்துவிடுகிறார்கள். கண்டுபிடிப்பதற்குள் நாயக்கரே கிழவராகிவிட்டார்.

ராத்திரிக் கதை இப்படியென்றால் பகல் கதை வேறு. நாங்கள் இருப்பது பழைய பங்களா ஒன்றின் போர்ஷனில். சிவப்பு ஆக்சைடு தரை, உயரமான கூரை, டி.வி.க்கு நேர் எதிரே ஆளுயர ஜன்னல். ஜன்னலின் தலையில் கூம்பாக ஒரு மரச் சட்டத் தொப்பி. மங்க்கி டாப் என்பார்கள், பழைய பெங்களூரு கன்டோன்மென்டின் அடையாளம். கழுத்தில் கேமரா மாட்டியவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து நின்று படமெடுப்பார்கள். எல்.சி.டி. இருந்தவரை எனக்கும் அதில் பெருமைதான். புது டி.வி.யின் திரையோ கண்ணாடி. அந்த ஜன்னல் இப்போது எல்லாச் சேனலிலும் வருகிறது. பகலில் எந்தப் படம் போட்டாலும் சரி, இருட்டுக் காட்சி வந்தவுடன் கதாநாயகன் நிற்கவேண்டிய இடத்தில் நான் பனியனோடு உட்கார்ந்திருக்கிறேன்.

தடித்த திரைச்சீலை வாங்கிப் போட்டோம். டி.வி.யின் விலையில் அதையும் சேர்த்துக்கொள்ளவேண்டும் என்று எந்தக் கடையிலும் சொல்வதில்லை. மத்தியானம் மூன்று மணிக்கு எல்லா ஜன்னலும் மூடியிருப்பதைப் பார்த்துப் பக்கத்து வீட்டு ஆங்கிலோ இந்திய ஆன்ட்டி கதவைத் தட்டிவிட்டார். “வாட் மேன், வீட்ல யாருக்காவது ஏதாவது ஆயிடுச்சோன்னு பயந்துட்டேன்” என்றார். டி.வி. பார்க்கிறோம் என்றேன். உள்ளே வந்து இருட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “ஆன் பண்ணலியா?” என்றார்.

ஒரு நாள் ராத்திரி படத்தின் நடுவில் திரை முழுக்கக் கறுப்பானது. ஏதோ பெரிய திருப்பம் வரப்போகிறது என்று நாங்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வெகுநேரம் கழித்து, “ஃபேனும் நிக்குதுப்பா” என்றான் மகன். கரண்ட் போயிருந்தது. டி.வி.யின் கறுப்புக்கும் இந்தக் கறுப்புக்கும் தரத்தில் இம்மியளவு வித்தியாசமில்லை. இதற்கு ஜி.எஸ்.டி.யும் இல்லை.

ஒலியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அட்டை கனத்துக்கு டி.வி. செய்தால் ஸ்பீக்கரை எங்கே வைப்பார்கள்? பெங்களூர் ஈஸ்ட் வழியாகச் சென்னை ரயில் போகிறபோது எந்தப் படமும் எங்களுக்கு மௌனப் படம்தான்.

அம்மாவுக்கு வருகிறேன். அவருக்குக் காலையிலிருந்து ராத்திரி வரை தமிழ்ச் செய்தி வேண்டும். ஊரைவிட்டு இங்கே குடியேறி எத்தனையோ காலமாகியும், மேட்டூரில் தண்ணீர் எத்தனை அடி என்று அறியாமல் காபி இறங்காது. (கர்நாடகத்தில் உட்கார்ந்துகொண்டு அதைச் சத்தமாக வைத்துக் கேட்பது எனக்குக் கொஞ்சம் சங்கடம்தான்.) ஓ.எல்.இ.டி.யின் ஒரே பெரிய வியாதி இந்தச் செய்திச் சேனல்கள். புள்ளிகள் தாமே எரிவதால், எரிய எரியத் தேய்கின்றன. ஒரே இடத்தில் ஒரே உருவம் மாதக்கணக்கில் நின்றால் அந்த இடம் மட்டும் அதிகமாகத் தேய்ந்து, நிழலாகத் தங்கிவிடும். கனடாவில் ஒரு சோதனைக்கூடத்தில் 2018இல் ஒரே மாதிரியான ஆறு ஓ.எல்.இ.டி.களை நாளொன்றுக்கு 20 மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தார்கள். செய்திச் சேனல் ஓடிய பெட்டிகளில் தழும்பு விழுந்தது. பிறகு வந்த மாடல்கள் தேவலாம் என்கிறார்கள். ஆனால் அவர்கள் ஓட்டிப் பார்த்தது ஆங்கிலச் செய்தி. நம் சேனல்களில் மேலே சின்னம், கீழே ஓடும் வரி, அதற்கும் கீழே தங்கம் விலை, பக்கத்தில் கடிகாரம், எல்லாவற்றுக்கும் நடுவில் சிவப்புப் பட்டையில் ‘முக்கியச் செய்தி’. நேற்று முக்கியமாக இருந்தது இன்றும் முக்கியமாகவே இருக்கும், பட்டை மட்டும் இறங்காது.

இதற்கு மருந்து டி.வி.க்குள்ளேயே உண்டு. சில மணி நேரம் பார்த்துவிட்டு ரிமோட்டில் அணைத்தால், எல்லோரும் தூங்கும் நேரத்தில் அது தன் புள்ளிகளைத் தானே சரிபார்த்துச் சமன்செய்துகொள்ளும். அதற்குச் சுவரில் சுவிட்ச் போட்டபடி இருக்கவேண்டும். எங்கள் வீட்டில் படுக்கப் போகுமுன் கேஸை மூடி, கதவைத் தாழிட்டு, டி.வி. சுவிட்சை அணைப்பது அம்மாவின் கடைசிக் கடமை. இடி மின்னலுக்கு அஞ்சி வாழ்ந்த தலைமுறை. “ராத்திரி அது தன்னைத்தானே ரிப்பேர் பண்ணிக்கும்மா” என்றேன். “ஆளில்லாத நேரத்துல தானா வேலை செய்யற மிஷின் வீட்டுக்கு ஆகாது” என்று சுவிட்சை அணைத்துவிட்டுப் போய்விட்டார். சுவிட்சின் மேல் செல்லோடேப் ஒட்டினேன். மறுநாள் டேப் மடித்து மேஜைமேல் இருந்தது.

கடைசியில் பழைய எல்.சி.டி.தான் கைகொடுத்தது. எக்ஸ்சேஞ்சில் அதற்குச் சொன்ன தொகைக்கு ஒரு பிரஷர் குக்கர்கூட வராது என்பதால் கொடுக்காமல் வைத்திருந்தோம். குப்பையிலும் போட முடியாது. அந்தக் காலத்து எல்.சி.டி. பலவற்றின் பின்விளக்குக் குழாயில் பாதரசம் உண்டு, மின்கழிவு எடுப்பவர்களிடம்தான் ஒப்படைக்கவேண்டும். அம்மாவின் அறையில் மாட்டினோம். அங்கே எல்லார் முகமும் முழுசாகத் தெரிகிறது, சுவிட்சை எப்போது வேண்டுமானாலும் அணைக்கலாம். பகலில் நானும் அங்கே போய் உட்கார்ந்துவிடுகிறேன். லட்ச ரூபாய் ஹாலில் ராத்திரிக்காகக் காத்திருக்கிறது.

வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் தீர்ப்பு இதுதான். ராத்திரியில் விளக்கை அணைத்துவிட்டு நல்ல சினிமா பார்ப்பவர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள், எந்த எல்.சி.டி.யிலும் அந்தக் கறுப்பு வராது. பகலில் ஜன்னலைத் திறந்துவைத்துச் சீரியலும் செய்தியும் பார்க்கிற வீடு என்றால் எல்.சி.டி.யே போதும், மிச்சப் பணத்தில் மகளுக்கு நகை வாங்குங்கள்.

என்றாலும் தேர்தல் முடிவு, புயல் என்று வந்துவிட்டால் அம்மா “அதுலதான் பெரிசாத் தெரியும்” என்று ஹாலுக்கு வந்துவிடுகிறார். அதனால் தமிழ்ச் செய்திச் சேனல்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்தச் சின்னத்தையும் சிவப்புப் பட்டையையும் தினமும் இரண்டு விரற்கடையாவது நகர்த்தி வையுங்கள், ஐயா. எந்தச் சேனல் என்று தெரியாமல் போய்விடுமோ என்று பயப்படாதீர்கள். கத்துவதை வைத்தே கண்டுபிடித்துவிடுவோம்.