முதற்கார் இயல்

1. சொல்லும் எல்லையும்

'கார்' என்னும் சொல் தமிழுக்குப் புதிதன்று. கருமை, மேகம், மழைக்காலம் ஆகிய பொருள்களில் அது நெடுங்காலமாக வழங்கி வருகிறது. கார் நாற்பது என்னும் கீழ்க்கணக்கு நூல் நாற்பது வண்டிகளின் பட்டியல் அன்று என்பதை இங்கேயே சொல்லிவிடுவது நலம். இவ்வியலில் கார் எனப்படுவது நான்கு சக்கரமும் ஒரு ஸ்டெப்னியும் உடையது. ஸ்டெப்னி என்பது வேல்ஸ் நாட்டு லனெல்லி ஊரில் உள்ள ஒரு தெருவின் பெயர். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே உதிரிச் சக்கரம் செய்து விற்றவர்கள் தம் சரக்குக்கு அதைச் சூட்டினர். பெயர் இந்தியாவில் நிலைத்துவிட்டது. சக்கரம் நிலைத்திருக்கிறதா என்பதை டிக்கியைத் திறந்து பார்த்தே உறுதிசெய்ய வேண்டும்.

முதற்கார் என்பது, ஓட்டுநர் உரிமத்தின் பளபளப்பு மங்குமுன், சொந்தப் பணத்திலோ மாமனார் பணத்திலோ வாங்கப்படும் பழைய கார். விலை எல்லை ஒன்றரை லட்சம் முதல் மூன்று லட்சம் ரூபாய் வரை. இதே பொருளை விற்பவர் 'யூஸ்டு கார்' என்பார். வாங்குபவர் 'செகண்ட் ஹேண்ட்' என்பார். வாங்கியவரின் சித்தப்பா 'ஓட்டை வண்டி' என்பார். மூவரும் சொல்வது ஒன்றையே. இது விற்கப்படும் இடத்துக்குத் தமிழ்நாட்டில் 'கன்சல்டிங்' என்று பெயர். அங்கே யார் யாரைக் கலந்தாலோசிக்கிறார் என்பது இன்னும் தீர்மானிக்கப்படவில்லை.

2. கோட்பாடு

பழைய கார் வாங்குவது அற்ப விஷயம் என்று கருதுவோருக்கு ஒரு வரலாறு உண்டு. பொருளியலாளர் ஜார்ஜ் அகர்லாஃப் இதைப் பற்றி எழுதிய கட்டுரையை மூன்று ஆய்விதழ்கள் திருப்பி அனுப்பின. விஷயம் அற்பமானது என்பதும் அவை சொன்ன காரணங்களுள் ஒன்று. 1970-இல் நான்காவது இதழ் அதை வெளியிட்டது. 2001-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

வாங்கியபின் பல்லிளிக்கும் காருக்கு அமெரிக்கப் பேச்சுவழக்கில் 'எலுமிச்சை' என்று பெயர். எந்தக் கார் எலுமிச்சை என்பது விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. ஆகவே வாங்குபவர் எல்லாக் காரையும் சந்தேகித்து நடுத்தர விலையே கேட்கிறார். அந்த விலைக்கு நல்ல காரை விற்க மனமில்லாதவர் வண்டியை வீட்டிலேயே வைத்துக்கொள்கிறார். நல்லவை விலக விலகச் சந்தையில் எலுமிச்சைகளின் விகிதம் ஏறுகிறது. அகர்லாஃபின் கோட்பாட்டுச் சுருக்கம் இது.

தமிழ்நாட்டில் எலுமிச்சைக்கும் காருக்கும் உள்ள தொடர்பு வேறு வகையினது. இங்கே பழம் சக்கரத்துக்கு அடியில் வைக்கப்படுகிறது. அமெரிக்க எலுமிச்சை வாங்கியவரை நசுக்கும். தமிழ் எலுமிச்சை நசுங்கும். இவ்வேறுபாடு இயலின் இறுதியில் மீண்டும் எடுத்துக்கொள்ளப்படும்.

3. திணைப் பாகுபாடு

பழைய காரை ஆண்டு, விலை, பெட்ரோல், டீசல் என்று வகுப்பது வணிகர் வழக்கு. வண்டி வாழ்ந்த நிலத்தைக் கொண்டு வகுப்பதே தமிழ் மரபுக்கு உகந்தது. பயனும் அதில்தான் மிகுதி.

குறிஞ்சிக் கார் நீலகிரியிலோ கொடைக்கானலிலோ ஏறி இறங்கியது. இதன் உரிப்பொருள் புணர்தல். பிரேக் பேடும் டிஸ்க்கும் இறக்கம் முழுக்கக் கூடியிருந்ததால் இரண்டும் தேய்ந்திருக்கும். ஏற்றத்தில் உழைத்த கிளச்சையும் ஐயத்தோடு பார்க்க வேண்டும்.

முல்லைக் கார் நகரத்துச் சிக்னல்களில் வளர்ந்தது. உரிப்பொருள் இருத்தல், அதாவது காத்திருத்தல். இத்திணையின் பெரும்பொழுதும் கார் என்பது பொருத்தமே; மழை நாளில் பழைய மகாபலிபுரம் சாலையைக் கண்டவர்க்கு விளக்கம் வேண்டாம். மீட்டர் தூரத்தை மட்டும் எண்ணும், காத்திருந்த நேரத்தை எண்ணாது. ஆகவே நாற்பதாயிரம் கிலோமீட்டர் ஓடிய நகரத்துக் காரின் இன்ஜின், நெடுஞ்சாலையில் அதே தூரம் ஓடிய காரின் இன்ஜினைவிட அதிக நேரம் உழைத்திருக்கும்.

மருதக் கார், வயலும் ஏரியும் வீட்டுமனையாக மாறிய இடத்தில் நிறுத்தப்பட்டிருந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எண்ணற்ற கார்கள் தண்ணீரில் நின்றன. மூழ்கிய காரை வெளியே கழுவிவிடலாம். உள்ளே தடயம் தங்கும். சீட் பெல்ட்டை முழுக்க இழுத்தால் கறைக்கோடு தெரியும். தரைவிரிப்புக்கு அடியிலும் ஸ்டெப்னிக் குழியிலும் வண்டல் இருக்கும். இருக்கை நகரும் தண்டவாளம் துருப்பிடித்திருக்கும். ஏசி போட்டால் ஈரத்துணி வாடை வரும். உரிப்பொருள் ஊடல், எலக்ட்ரிக்கல் கடைக்காரரோடு ஆண்டு முழுதும் நடைபெறும்.

நெய்தற் கார் உப்புக்காற்றில் நின்றது. கதவின் அடி விளிம்பு, சைலன்சர், வண்டியின் அடித்தட்டு ஆகியவற்றில் துரு பார்க்க வேண்டும். உரிப்பொருள் இரங்கல். இது வாங்கியவருக்கு உரியது.

பாலைக்குத் தனி நிலம் இல்லை. எந்தத் திணைக் காரும் இரண்டு ஆண்டு ஷெட்டில் நின்றால் பாலையாகும். உரிப்பொருள் பிரிவு: உரிமையாளர் சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கிறார். பத்து ஆண்டில் பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர் என்று கேட்டதும் வாங்குபவருக்கு வாய் ஊறும். ஆனால் நின்ற வண்டியில் டயர் இறுகும், பேட்டரி சாகும், ரப்பர் குழாய்கள் வெடிக்கும், எலி ஒயரைக் கடிக்கும். பிரிவால் மெலிவது தலைவி மட்டும் அன்று.

அகத்திணை ஏழு ஆதலால் இரண்டு எஞ்சுகின்றன. புகைப்படத்தைப் பார்த்த மாத்திரத்தில் இதுதான் நம் கார் என்று முடிவு செய்வது கைக்கிளை. காருக்கு இதில் பங்கில்லை. நேற்று உரிமம் பெற்றவர் பதினைந்து வயதான ஜெர்மன் சொகுசுக் காரைச் சிறிய காரின் விலைக்குக் கிடைக்கிறது என்று வாங்குவது பெருந்திணை. அதன் ஒரு முகப்பு விளக்கின் விலைக்கு முதற்காரின் நான்கு டயரும் வந்துவிடும்.

4. விற்போர் மொழியும் அதன் உரையும்

விற்போர் கூற்றுகள் சூத்திரம் போலச் சுருங்கியவை. உரையின்றிப் பொருள் கொள்ளல் அரிது.

'ஏசிக்கு கேஸ் மட்டும் போட்டால் போதும்' என்றது, கேஸ் போட்டும் போதவில்லை என்றவாறு. கசிவோ கம்ப்ரசர் பழுதோ உண்டு என்க.

'டாக்டர் ஓட்டிய வண்டி' என்றது, உரிமையாளரின் தொழிலால் இன்ஜினின் உடல்நலம் உறுதிப்படும் என்னும் நம்பிக்கை பற்றி வந்தது. மருத்துவர் நோயாளிக்குச் சொல்லும் கால இடைவெளியில் தம் காருக்கு ஆயில் மாற்றினாரா என்பதை சர்வீஸ் ரெக்கார்டு மட்டுமே காட்டும்.

'சின்ன டச்சப்' என்பதில் 'சின்ன' என்னும் அடை இடக்கரடக்கல். கதவோரத்து ரப்பர் பீடிங்கில் பெயின்ட் சிதறியிருந்தாலோ, பானெட்டுக்கும் ஃபெண்டருக்கும் இடையிலான சந்து இரு பக்கமும் ஒத்திராவிட்டாலோ, டச்சப் பெரிது என்று கொள்க. பெயின்டுக்கு அடியில் கனமாகப் பட்டி பூசிய இடத்தில் காந்தம் சரியாக ஒட்டாது.

'எடுத்தால் ஓட்டிக்கொண்டே போகலாம்' என்பதில் எதுவரை என்பது தொக்கி நின்றது.

5. மெய்ப்பொருள் காணல்

சோதனைக்கு உரிய சிறுபொழுது காலை. இன்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும். சூடான இன்ஜின் பல குறைகளை மறைக்கும். போனவுடன் பானெட்டில் கை வைத்துப் பார்ப்பது முதற் கடமை. விற்பவர் முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைத்திருந்தால் அதை விருந்தோம்பல் என்று கொள்ளலாகாது.

ஆயில் மூடியைத் திறந்தால் உட்புறம் மோர் போல் வெளுத்திருக்கலாம். ஆயிலில் தண்ணீர் கலக்கிறது என்பதற்கு அது அறிகுறி. ஹெட் கேஸ்கட்டை மெக்கானிக் பார்த்தாக வேண்டும். புகை மூவகை. குளிர்ந்த காலையில் சிறிது வெள்ளாவி வந்து மறைவது இயல்பு; மறையாத வெண்புகை கூலன்ட் எரிவது, நீலப்புகை ஆயில் எரிவது, கரும்புகை பெட்ரோல் வீணாவது. மூன்றிலும் கூடவே எரிவது வாங்குபவரின் பணம்.

கிளச்சைச் சோதிக்க, சமதரையில் ஹேண்ட்பிரேக்கை இழுத்து, மூன்றாவது கியரில் போட்டு, கிளச்சை மெல்ல விட வேண்டும். இன்ஜின் அணைந்தால் கிளச்சில் உயிர் இருக்கிறது. அணையாமல் உறுமினால் போய்க்கொண்டிருக்கிறது. இன்ஜினை அணைப்பது வெற்றியாகக் கருதப்படும் ஒரே சோதனை இதுவே ஆதலால், புதிய ஓட்டுநர்கள் இதில் இயல்பான தேர்ச்சி உடையவர்.

மாட்டுச் சந்தையில் வயதை அறியப் பல்லைப் பிடித்துப் பார்ப்பர். காருக்குப் பல் டயர். அதன் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம் செய்யப்பட்டது. மீட்டர் இருபதாயிரம் காட்டும் காரில் நான்கு டயரும் புதியவை என்றால் ஏன் என்று கேட்க வேண்டும். மீட்டரைப் பின்னோக்கி ஓட்டலாம்; வழவழத்துப்போன ஸ்டியரிங்கையும் தேய்ந்த பிரேக் பெடல் ரப்பரையும் அழுந்திய ஓட்டுநர் இருக்கையையும் அவ்வளவு எளிதில் இளமையாக்க முடியாது.

இச்சோதனைக்கு உடன் வருவோர் மூவர். தாய்மாமன் கதவைத் தட்டி ஒலி கேட்பார். அந்த ஒலியின் பொருள் அவருக்கும் தெரியாது. நண்பன் மியூசிக் சிஸ்டத்தைச் சோதிப்பான். மெக்கானிக் பேசமாட்டார், வண்டியின் அடியில் படுத்துப் பார்ப்பார். மூவரில் கூலி வாங்குபவர் இவர் ஒருவரே. நம்பத்தக்கவரும் இவரே.

6. தகுதி

முதற்காரின் முதல் இலக்கணம் சிறுமை. ஆல்ட்டோவின் நீளம் சுமார் 3.4 மீட்டர், மூலை எங்கே முடிகிறது என்பது ஓட்டுபவருக்குத் தெரியும். வேகன் ஆர், ஐ10 போன்றவையும் இவ்வகையின. இரண்டாம் இலக்கணம், பஞ்சராகி நிற்கும் எந்த ஊரிலும் பார்ட்ஸும் அதைப் பூட்டத் தெரிந்தவரும் கிடைத்தல். உற்பத்தி நின்றும் சாலையில் ஏராளமாக ஓடும் வண்டிக்கு இது தொடரும்; அரிய வண்டிக்குத் தொடராது.

மூன்றாம் இலக்கணம் பாதுகாப்பு. இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் புதிய கார்களில் ஏபிஎஸ் பிரேக்கும், அவ்வாண்டு ஜூலை முதல் ஓட்டுநருக்கு ஏர்பேக்கும் கட்டாயமாயின. கையிருப்பு எட்டுமாயின் அதற்குப் பிந்திய வண்டியே சிறந்தது. எட்டாதாயின், பழைய வண்டிகளிலும் இவ்விரண்டும் உள்ள வகைகள் உண்டு. அலாய் வீலுக்குக் கொடுக்கும் பணத்தை இவற்றுக்குக் கொடுப்பது அறிவு.

7. ஏடுகள்

ஆர்சி புத்தகத்தில் உள்ள சேஸிஸ் எண்ணும் வண்டியில் பொறித்த எண்ணும் ஒன்றாக இருத்தல் வேண்டும். கடன் பதிவு இருந்தால், வங்கியின் தடையின்மைச் சான்றும் படிவம் 35-உம் பெற்று, அதை நீக்கிய பின்னரே பணம் கைமாற வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வேறு மாநில வண்டிக்குப் படிவம் 28-உம் சேரும். ஒரே மாநிலத்துக்குள் விற்பவர் 14 நாளிலும் வாங்குபவர் 30 நாளிலும் தெரிவிக்க வேண்டும். காப்பீட்டை மாற்ற 14 நாள். முந்தையவர் சேர்த்த நோ கிளெய்ம் போனஸ் அவரோடு போய்விடும். நல்லொழுக்கம் வண்டியோடு விற்கப்படுவதில்லை.

சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டு செல்லும். பின்னர் ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். அக்கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆயிற்று. ஆகவே பதினான்கு வயதுக் காரின் மலிவில் ஒரு பகுதி கடன்.

பெயர் மாற்றாமல் ஓட்டுவதும் ஒரு மரபு. அதனால் அஞ்ச வேண்டியவர் விற்றவர். விபத்து இழப்பீட்டுக்கு ஆர்சியில் பெயர் உள்ளவரே உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தெளிவாக்கியது. இதை நினைவூட்டினால், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்ன விற்பவர் மறுநாளே கையெழுத்திட வருவது உண்டு.

8. இரண்டாம் எலுமிச்சை

அகர்லாஃபின் கோட்பாட்டில் குறையை மறைத்து வைத்திருப்பவர் விற்பவர் ஒருவரே. முதற்கார் வாணிபத்தில் அது போதாது. வாங்குபவர் எப்படி ஓட்டுவார் என்பது விற்பவருக்கும் தெரியாது, காருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. அரை கிளச்சில் நிற்பார், மூன்றாம் கியரில் கிளம்புவார், வீட்டு கேட்டின் இடது தூணை வாரம் ஒருமுறை தொடுவார். ஒரு நல்ல கிளச்சை ஆறு மாதத்தில் முடிக்க இவரால் இயலும்.

ஆதலின் மாசற்ற பெயின்டுக்கு அதிக விலை தருவது இங்கே வீண். கீறலும் சிறு டொக்கும் உடைய, ஆனால் இன்ஜினும் பிரேக்கும் குறையற்ற காரே முதற்காருக்கு இலக்கணம். முன்னவர் போட்ட கீறல், புதியவர் போடப்போகும் கீறலுக்கு விலைக்குறைப்பு. கையில் உள்ள பணத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தனியே வைப்பது முறை. டயர், பேட்டரி, ஆயில், கேட்டின் தூண் ஆகியவற்றுக்கு அது செலவாகும்.

இனி பூசை. சந்தனம், குங்குமம், மாலை முடிந்தபின் நான்கு சக்கரத்துக்கும் அடியில் நான்கு எலுமிச்சம்பழம் வைக்கப்படும். உறவினர் ஒதுங்கி நிற்பர். வண்டி முன்னே உருண்டு பழம் நசுங்குதல் இலக்கணம். முதல் முயற்சியில் இன்ஜின் அணைந்துபோதல் வழக்கு. நான்கு பழமும் நசுங்கின என்பதைத் தாய்மாமன் சுற்றிவந்து உறுதிசெய்வார். ஐந்தாவது எலுமிச்சை பானெட்டுக்குள் இருக்கிறதா, ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறதா என்பது முதல் சர்வீஸ் பில் வரும்போது தெரியும்.