வால்வு றேடியோ திருத்துவோர் ஆறுதல் மொழிகள்: ஒரு மெய்ப்பாட்டியல் ஆய்வு

கண்டி, கட்டுகஸ்தோட்டை, பேராதனை வட்டாரத்தில் பழைய வால்வு றேடியோவைத் திருத்த உட்காருவோர் ஒருவரையொருவர் எப்படித் தேற்றிக்கொள்கிறார்கள் என்பதைத் தமிழாய்வுலகம் கண்டுகொள்ளாதது பெருங்குறை. அதை நீக்க இக்கட்டுரை முன்வருகிறது. யாரும் கேட்கவில்லை என்பது அதன் தகுதியைக் குறைக்காது.

கழித்த சாமானில் சத்தம் எழுப்பும் மரபு இத்தீவுக்குப் புதிதன்று. 1920களில் பொறியாளர் எட்வர்ட் ஹார்ப்பர் கொழும்பில் நடத்திய பரிசோதனை ஒலிபரப்புக்கே, பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் வானொலிப் பாகங்கள்தான் கைகொடுத்தன. முறையான ஒலிபரப்பு 1925 டிசம்பர் 16இல் தொடங்கியது. கண்டிக்கும் பங்குண்டு. 1944இல் மவுண்ட்பேட்டன் தம் தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தைப் பேராதனைப் பூங்காவுக்குக் கொண்டுவந்தார். அந்தப் படையின் வால்வுப் பெட்டி ஒன்று ஏதோ ஒரு கராஜில் கிடக்கிறது என்று சத்தியம் செய்யாத றேடியோப் பைத்தியம் இங்கே இல்லை. பெட்டியைக் காட்டியவரும் இல்லை.

இனி ஆய்வுமுறை. விவரம் தெரிந்தவர் பழைய செட்டை நேரே 230 வோல்ட்டில் செருகமாட்டார். 60 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடரில் போட்டே கரண்ட் கொடுப்பார். பல்பு ஒருதரம் மின்னி மங்கினால் நல்ல சகுனம். அப்போது சுற்றி நிற்பவர்கள் வாயில் வருவது ஒரு "ம்", அவ்வளவுதான். மங்காமல் பளீரென்று எரிந்தால் உள்ளே ஷோர்ட். உடனே, "ஒண்ணுமில்ல ஐயா, சரி வரும்." புகையும் கிளம்பினால், "இதவிட மோசமானதெல்லாம் பாடியிருக்கு நானா, விடாதீங்க." பெறப்படும் விதி: ஆறுதல் பல்பின் வெளிச்சத்துக்கு நேர் விகிதம், றேடியோ பாடும் வாய்ப்புக்குத் தலைகீழ் விகிதம்.

சிரிப்புக்கு வருவோம். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நகை பிறக்கும் இடங்களை எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்காக வகுக்கிறது. நான்கும் ஒரே மேசையில் கிடைக்கின்றன. ஏரியல் மாட்டாமல் நிலையம் தேடுபவருக்குக் கிடைப்பது எள்ளல். "இதுக்கு புளூடூத் எங்க?" என்று கேட்கும் பேரனிடம் இளமை. வால்வு சூடேற அரை நிமிடமாவது வேண்டும் என்றறியாமல், போட்ட கணமே "செத்துட்டு" என்று தீர்ப்பளிப்பது பேதைமை.

மடன்தான் வளமான களம். கொண்டதை விடாமை என்று உரைகாரர்கள் அதற்குப் பொருள் சொல்வார்கள். அவுட்புட் வால்வு செந்தணலாய்ச் சிவந்தால், வால்வு போய்விட்டது என்று முடிவுகட்டிப் புதியதைப் போடுவார் ஒருவர். அதுவும் சிவக்கும். பிறகு இன்னொன்றைப் போடுவார். குற்றவாளி, அதற்கு முன்னால் இருக்கும் மெழுகுக் காகிதக் கன்டென்சர். அது கசிந்தால் கிரிட்டில் வரக்கூடாத பாசிட்டிவ் வோல்ட் ஏறி, எந்த வால்வையும் சுட்டெரிக்கும். கண்டியின் ஈரத்தில் இந்தக் காகிதம் உருப்படாது. கூட இருப்பவர்களுக்கு இது தெரியும். மூன்றாவது வால்வு வரை சொல்லமாட்டார்கள்.

தொல்காப்பியர் அறியாத ஐந்தாம் நகையும் உண்டு. ஃபில்டர் கன்டென்சர் வற்றிய செட், பாட்டுக்குப் பதிலாக 100 ஹேர்ட்ஸில் உறுமும். அந்த உறுமலுக்கே கைதட்டி, "சத்தம் வந்திருச்சு!" என்று தேநீர் வரவழைக்கும் கூட்டத்தின் சிரிப்பு அது.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். தாத்தா வாங்கிய செட் வீட்டில் இருந்தால் ஆசையில் பிளக்கைச் செருகிவிடாதீர்கள். அணைத்த பின்னும் கன்டென்சரில் ஆளைத் தூக்கியடிக்கும் மின்சாரம் தங்கியிருக்கும். அதை இறக்கத் தெரிந்த ஒருவரை முதலில் கூப்பிடுங்கள். ஆறுதல் சொல்லத் தெரிந்தவர்கள் கூப்பிடாமலே வருவார்கள்.