வர்ற தண்ணிக்கு வக்கீல் இருக்கான், போற தண்ணிக்கு?

மாப்பிள்ளே, கொள்ளேகாலத்துக்குப் பக்கத்துல ஆத்தோரமா ரெண்டு ஏக்கர் குத்தகைக்குப் புடிச்சு நெல்லு நட்டே. காவேரி வந்து அதைப் பாத்துட்டுப் போயிட்டா. இப்ப மாமன்கிட்ட யோசனை கேக்க ஹனூருக்குப் பஸ் ஏறி வந்திருக்கே. சரியான ஆளைத்தான் புடிச்சே. எங்களுது மேட்டுக்காடு. ராகி, மக்காச்சோளம், வரப்போரம் அவரை, அவ்வளவுதான். நெல்லுக்கு யோசனை சொல்ல நெல்லு வெக்காதவன்தான் தோது. கைக்காசு போகாதவன் வாயி நல்லாப் பேசும். உக்காரு.

மொதல்ல, நீ எங்க குடியிருக்கேன்னு தெரிஞ்சுக்க. தலைமாட்டுல கே.ஆர்.எஸ். அணையும் கபினி அணையும், கால்மாட்டுல மேட்டூரு. 1956 வரைக்கும் இந்தக் கொள்ளேகாலம் தாலூகாவே கோயமுத்தூர் ஜில்லா. அப்புறம் மைசூர் ஜில்லா. 1997-லருந்து சாமராஜநகர் ஜில்லா. என்ற அப்பன் திண்ணையை விட்டு எறங்காமயே மூணு ஜில்லாவுல வாழ்ந்துட்டாரு. ஆத்துக்கு மட்டும் இந்தக் காயிதமெல்லாம் வந்து சேரலை. அது தன்ற பழைய எல்லையிலதான் இன்னும் போயிட்டு வருது. உன்ற வயலு அந்த எல்லைக்குள்ள இருக்கு. குத்தகை எழுதறப்போ ஆத்துக்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?

ரெண்டு மாநிலத்துப் பெருந்தன்மையையும் பாரு. 2018 பிப்ரவரியில சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லுச்சு: பிலிகுண்டுலு அளவு நெலையத்துல வருஷத்துக்கு 177.25 டி.எம்.சி. கர்நாடகா தமிழ்நாட்டுக்கு விடணும்னு. கடைசியில நிக்குது பாரு அந்தக் கால் டி.எம்.சி., அதுக்கும் சேத்து எத்தனை வருஷம், எத்தனை வக்கீலு! அதே வருஷம் ஆகஸ்ட்ல குடகும் வயநாடும் நனைஞ்சுது. கேட்டப்போ அளந்து அளந்து விட்டவங்க, கேக்காதப்போ அள்ளி விட்டாங்க. நம்ம தாசனபுரா, முள்ளூரு, ஹம்பாபுரா பக்கமெல்லாம் வயலு எது ஆறு எதுன்னு தெரியலை. கீழே முக்கொம்புல, வெள்ளைக்காரன் 1836-ல கட்டின மேலணையில ஒம்போது மதகை ஆகஸ்ட் 22 ராத்திரி கொள்ளிடம் வாரிட்டுப் போச்சு. 2019-ல மறுபடி வெள்ளம். 2024-ல மறுபடி. வறட்சி வந்தா பஸ்ஸைக் கொளுத்தற ரெண்டு ஊரும் வெள்ளம் வந்தா பங்காளி ஆயிடுது. அந்தப் பங்காளிச் சாப்பாட்டுக்கு எலை போடற எடம் உன்ற வயலு.

இன்னொரு கூத்து. நீ இங்க இடுப்பளவு தண்ணியில நாத்தைத் தேடிட்டு நிக்கறே. அதே தண்ணி கொஞ்சம் கீழ போயி சிவனசமுத்திரத்துல பரச்சுக்கியா விழுது. பெங்களூருலருந்து குடும்பம் குடும்பமா வந்து, ‘ஆகா, இந்த வருஷம் என்ன அழகு’ன்னு செல்போன்ல புடிக்கறாங்க. அவங்க மேல கோவப்படாதே. தண்ணி அழகா இருக்கணும்னா அதுக்கு மேல யாராவது முழுகணும்.

ரெண்டாவது யோசனை. பேப்பர்ல ‘திடீர் வெள்ளம்’னு போடறான். மாதேஸ்வரன் மலையில சாயங்காலம் இடி இடிச்சு, ராவு சாப்பாட்டுக்குள்ள எங்க ஓடையில ஆளு உசரத்துக்குத் தண்ணி வருது பாரு, அதுதான் திடீரு. அதுக்கு மாதப்பனைத்தான் கூப்பிடணும். உன்ற வெள்ளம் அப்படியா வந்துச்சு? வயநாட்டுல மழை பெஞ்சு, கபினி நெறைஞ்சு, மதகைத் தூக்கி, நஞ்சன்கூடு தாண்டி, நரசீபுரத்துல காவேரியோட சேந்து, அப்புறந்தான் உன்ற வரப்புக்கு வருது. சீர்வரிசைத் தட்டோட வர்ற சம்பந்தி மாதிரி அத்தனை ஊருலயும் நின்னு சொல்லிட்டு வர்ற தண்ணிக்குத் திடீருன்னு பேரு வெச்சா, கேக்காத காதுக்கு என்ன பேரு வெக்கறது?

அதனால டி.வி.யைப் பாரு. சீரியலை விடு, சேதியைப் பாரு. கே.ஆர்.எஸ். 124.80 அடி நெறைஞ்சதும் முதலமைச்சர் பட்டு வேட்டி கட்டி வந்து, முறத்துல மஞ்சக் குங்குமம் வளையல் வெச்சு காவேரிக்கு பாகினம் விடுவாரு. பாக்கக் கண்ணு குளிரும். நீ கும்பிட்டுட்டு அதோட எந்திரிச்சிரு. மாட்டை அவுத்து மேட்டுல கட்டு, மோட்டாரைக் கழட்டு, ஒர மூட்டையைப் பரண்ல ஏத்து. முதலமைச்சர் பூ விட்டா அடுத்தாப்ல மதகு விடுவாங்கன்னு அர்த்தம். நெறைஞ்ச அணைக்குள்ள எவ்வளவு வருதோ அவ்வளவும் வெளியதான் போயாகணும். 2025-ல ஜூன் 30-ந் தேதியே பாகினம் ஆயிடுச்சு. அணை கட்டினதுலருந்து ஜூன்லயே நெறைஞ்சது அதுதான் மொதல் தடவைன்னு ஊரே கொண்டாடுச்சு. நல்ல சேதிதான், இல்லைங்கலை. ஆனா ஜூன்லயே வயிறு நெறைஞ்சவன் ஆகஸ்ட்டுப் பந்தியில என்ன பண்ணுவான்? நீயோ சரியா ஜூலை கடைசியில நாத்தைப் புடுங்கி நடறே.

‘வெள்ளம் வருமுன் அணை போடு’ன்னு பழமொழி சொல்றாங்களே, அதைச் சொன்னவன் அணைக்குக் கீழ பயிர் வெச்சிருக்க மாட்டான். அணைக்காரன் கோடைக்குத் தண்ணி சேக்கணும். வெள்ளத்தைத் தாங்கணும்னா அணையைக் கொஞ்சம் காலியா வெக்கணும். காலியா வெச்சு மழை பொய்ச்சா நீயே போயி ரோட்டுல உக்காருவே. ஒரே அணைக்கு ரெண்டு மாமியார்.

மூணாவது, நெல்லு விஷயம். உன்ற நாத்து ஏன் செத்துச்சுன்னு தெரியுமா? தண்ணியால சாகலை, அவசரத்தால செத்துச்சு. முழுகின நாத்துக்கு மூச்சு முட்டுது. உடனே தலையைத் தண்ணிக்கு மேல நீட்டப் பாத்து, தண்டுல இருக்கற மாவையெல்லாம் செலவு பண்ணி விடுவிடுன்னு வளருது. ஒரு வாரம் போல தாக்குப்புடிச்சு, தண்ணி வடியறப்போ பாத்தா நிக்கத் தெம்பில்லை. அப்படியே மடிஞ்சு சேத்துல படுத்துக்குது. கலங்கல் தண்ணின்னா இன்னும் மோசம். வண்டல் எலைமேல படிஞ்சு வெளிச்சமும் போச்சு.

ஒடிசாப் பக்கத்துல எஃப்.ஆர்.13ஏ-ன்னு ஒரு பழைய நெல்லு இருந்துச்சு. அது கெட்டிக்காரன். முழுகினா துள்ளாது, வளராது. மூச்சை அடக்கிப் படுத்துக்கும். தண்ணி வடிஞ்சதும் மிச்சம் வெச்ச மாவைக் கொண்டு மறுபடி கௌம்பும். அந்தப் புத்தி எங்க இருக்குன்னு தேடி, 2006-ல சப்-1ஏ-ங்கற மரபணுவைப் புடிச்சாங்க. அதை ஸ்வர்ணாவுல ஏத்தி 2009-ல இந்தியாவுல ஸ்வர்ணா சப்-1 வந்துச்சு. தமிழ்நாட்டுல சி.ஆர்.1009 சப்-1 இருக்கு. ரெண்டு வாரம் வரைக்கும் முழுகிக் கெடந்தாலும் தழைச்சுக்கும். மண்டியா வி.சி. பார்ம் ஆராய்ச்சி நெலையத்துல போயி நம்ம மண்ணுக்கும் நாளுக்கும் எது தோதுன்னு கேளு. ஆனா அதையும் சாமியாக் கும்பிடாதே. அது இளம்பயிருக்குத்தான். பூத்த பயிரு முழுகினா பதருதான். பால் புடிச்சுச் சாஞ்சா கதிருலயே மொளைக்கும். வேரோட இழுத்துட்டுப் போற ஓட்டத்துக்கு எந்த மரபணுவும் கெடையாது.

கெட்டுப்போகாத பயிரு கொஞ்சம் நிக்குதுன்னியே, அதைப் பாரு. மொதல்ல தண்ணியை வடி. அப்புறம் ஏக்கருக்கு 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம்புண்ணாக்கு மூணையும் கலந்து ஒரு ராத்திரி வெச்சு, காத்தால 17 கிலோ பொட்டாஷ் சேத்துத் தூவு. தமிழ்நாட்டு வேளாண்மைக்காரங்க சொல்ற கணக்கு இது. தண்ணி நிக்கறப்போவே தூவிட்டு, ‘மாமன் சொன்னான், கேக்கலை’ன்னு பஸ் ஏறி வராதே.

நாலாவது, நெவாரணம். இதுக்குத்தான் நீ நெசமா வந்தேன்னு தெரியும், நான் கடைசியில சொல்லலாம்னு இருந்தேன். பேரிடர் நெவாரண விதிப்படி பயிரு 33 சதவீதத்துக்குக் கொறையாமச் சாகணும். 32 செத்தா நீ ஜெயிச்சவன், வீட்டுக்குப் போ. ஆகவே முழுகறப்போ பயிருகிட்ட கணக்குச் சொல்லி வெய்யி. பாசன நெலத்துக்கு 2022-ல போட்ட மத்திய விதி ஹெக்டேருக்கு 17,000 ரூபா, அதுவும் ரெண்டு ஹெக்டேருக்கு மேல கெடையாது. ஏக்கருன்னு பாத்தா ஏழாயிரம்கூட முழுசா இல்லை. நடவுக் கூலிக்கும் உழவுக்கும் போனதை நீயே கூட்டிப் பாத்துக்க.

அதுவும் யாருக்கு வரும்? பஹணிங்கற நெலக் காயிதத்துல பேரு இருக்கறவனுக்கு. நீ புடிச்சது வாய்க்குத்தகை. நெலத்துக்காரக் கவுடரு நல்லவருதான், வெத்தலை குடுத்து வாக்குக் குடுத்தாரு. ஆனா கம்ப்யூட்டரு வெத்தலை போடாது. நெல்லு செத்தது உனக்கு, பணம் வந்தது அவருக்கு. அடுத்த வருஷம் ஒரு வெள்ளைக் காயிதத்துலயாவது எழுதி வாங்கு. கவுடரு மொறைச்சா, ‘மாமன் எழுதச் சொன்னான், அவன் ஒரு மாதிரி’ன்னு என்ற மேல போடு. எனக்கு ஏற்கெனவே அந்தப் பேரு இருக்கு.

காப்பீட்டுக் கதை அதைவிட ருசி. பிரதம மந்திரி பயிர்க் காப்பீடு 2016-ல வந்துச்சு. சம்பந்தப்பட்ட வயலுக்கு மட்டும் வர்ற சேதம்னு ஒரு பட்டியலு வெச்சாங்க. ஆலங்கட்டி மழை, மண்சரிவு, வயலு முழுகறதுன்னு. 2018-ல உக்காந்து யோசிச்சு, முழுகற கணக்குலருந்து நெல்லை எடுத்துட்டாங்க. நெல்லு தண்ணியில நிக்கற பயிருதானே, அது முழுகினா என்னன்னு நெனைச்சாங்களோ என்னமோ. மீனு முழுகிச் செத்தாக்கூட ஒரு விசாரணை வெப்பாங்க. ஏழு வருஷம் கழிச்சு, 2025 நவம்பர்ல, ‘ஆமாம், நெல்லும் முழுகும்’னு ஒத்துக்கிட்டு, 2026 காரீப்லருந்து மறுபடி சேக்கறோம்னு அறிவிச்சாங்க. ஆனை மிதிக்கறதையும் கூடவே சேத்துருக்காங்க. ஹனூர்க்காரனுக்கு அதுலதான் சந்தோசம்.

விதி என்னன்னா, சேதம் நடந்து 72 மணி நேரத்துக்குள்ள சொல்லணும். ஆப்புல போட்டோவோட ஏத்தணும். கரண்ட் இருக்காது, டவரு இருக்காது, நீயே மந்தையில நிவாரண முகாம்ல இருப்பே. அதனால என்ற யோசனை இது: வீட்டுச் சாமான்ல மொதல்ல காப்பாத்த வேண்டியது செல்போனு, அப்புறம் பஹணி, மூணாவதுதான் என்ற தங்கச்சி. அவளுக்கு நீச்சல் தெரியும். காரீப்புக்கு ரெண்டு சதவீதம் பிரீமியம். கட்டிப்போடு, முணுமுணுக்காதே. அதுக்கும் குத்தகை எழுத்து வேணும்னு இப்பவாவது புரியுதா?

இதெல்லாம் வெள்ளம் வந்த பொறவு பண்றது. இனிமேத்தான் முக்கியமான யோசனை.

2023 டிசம்பர்ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கொட்டுச்சு. அதுக்கு எந்த வாய்க்காலும் தாங்காது, ஒத்துக்கறேன். தாமிரபரணிப் பக்கம் கொளத்துக்கரை ஒடைஞ்சு வயல்ல மணலு ஏறிடுச்சு. 2024 டிசம்பர் 2 விடியக்காலம் சாத்தனூர் அணையிலருந்து தென்பெண்ணையில 1.68 லட்சம் கன அடி விட்டாங்க. தூங்கி எந்திரிச்சவன் வயலைக் காணோம். அந்த ஆறும் நம்ம நந்தி மலையிலதான் பொறக்குது, பாத்துக்க. அப்படிப்பட்ட தண்ணியை யாரும் நிறுத்த முடியாது.

ஆனா வந்த தண்ணி எத்தனை நாளு நிக்குதுங்கறது உன்ற ஊரு விஷயம். நெல்லு மூணு நாளு முழுகினா பொழைக்கும், பத்து நாளு முழுகினா சாகும். நடுவுல இருக்கற ஏழு நாளு ஆறு குடுத்ததில்லை, அடைச்ச வடிகால் குடுத்தது. தண்ணி வரணும்னு ரெண்டு மாநிலமும் டெல்லி வரைக்கும் போச்சு. வந்த தண்ணி போறதுக்கு வழி விடுங்கன்னு பஞ்சாயத்து ஆபீஸ் படி ஏற ஒருத்தனுக்கும் காலு வரலை. பாசன வாய்க்கால்னா ஊரே கூடித் தூரு எடுக்கும். வடிகால்னா அது பக்கத்து வயக்காரன் வேலை. அதுல ஒருத்தன் தென்னம்புள்ளை வெப்பான், ஒருத்தன் வைக்கப்போரு போடுவான், ஒருத்தன் ரெண்டு சால் உள்ள தள்ளி வரப்பைக் கட்டுவான்.

ஏன் தலையைச் சொறியறே? போன தடவை உன்ற வயலைப் பாக்க வந்தப்போ வரப்போரமா நடந்தேன். கவுடரு குடுத்தது ரெண்டு ஏக்கரு. நீ நட்டது ரெண்டு ஏக்கரும் கூட ஒரு வடிகாலும். மாமன் கண்ணு மங்கிப்போச்சுன்னு நெனைச்சியா?

நாளைக்கு மொதல் பஸ்ஸைப் புடி. மம்முட்டியை எடு, அந்த ரெண்டு சாலை வெட்டி வடிகாலுக்கே விட்டுரு. அப்புறம் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போயி, தலை நிமிந்து, மத்தவன் தென்னம்புள்ளையைப் பத்தி எவ்வளவு வேணாலும் பேசு. முதல்ல ஒரு வாயி காப்பி குடி, ஆறிப்போகுது.