மகிழ்ச்சி, இலக்கம் 0-01ஏ

பெரியவர்களைக் குழந்தைகளின் நாற்காலியில் உட்காரவைத்துப் பேசும் வழக்கத்தைக் கண்டுபிடித்தவர் பெரிய ராஜதந்திரியாக இருக்க வேண்டும். முழங்கால் மோவாயைத் தொட, உடம்பில் பாதி காற்றில் தொங்க உட்கார்ந்திருப்பவனால் எதையும் உரக்கக் கேட்க முடியாது. ஸ்காட்லாந்துத் தொடக்கப்பள்ளி ஒன்றின் பெற்றோர் சந்திப்பில் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். ஆளுக்குப் பத்து நிமிடம். மகன் பி-5, அதாவது பள்ளியில் ஐந்தாம் ஆண்டு. வயது ஒன்பது.

"கற்றலில் நம்பிக்கையோடு ஈடுபடுகிறான். சக மாணவர்களோடு சேர்ந்து சவால்களை எதிர்கொள்கிறான். தன் பயணத்தில் அழகாக முன்னேறுகிறான்" என்றார் ஆசிரியை.

எங்கே போகிற பயணம் என்று தெரியவில்லை. நான் கேட்டது ஒன்றே ஒன்று. "ஏழாம் வாய்ப்பாடு தெரியுமா?"

அவர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். அதில் நான்கு வண்ணத்தில் வட்டங்கள் இருந்தன, சிரிக்கும் முகம் ஒன்று இருந்தது. ஏழு இல்லை.

ஸ்காட்லாந்தின் பாடத்திட்டத்துக்கு 'உன்னதத்துக்கான பாடத்திட்டம்' என்று பெயர். பெயரிலேயே மதிப்பெண் போட்டுக்கொண்ட பாடத்திட்டம் உலகில் வேறு உண்டா தெரியாது. 2004-ல் லேபர், லிபரல் டெமாக்ரட் கூட்டணி ஆட்சியில் கருவானது, 2010-ல் ஸ்காட்லாந்து தேசியக் கட்சியான எஸ்.என்.பி. ஆட்சியில் பள்ளிக்கு வந்தது. ஆக, எல்லாக் கட்சியும் சேர்ந்து பெற்ற பிள்ளை. அதனால் பிள்ளை சரியாக வளரவில்லை என்றால் யாரும் யாரையும் கைகாட்ட முடியாது. ஜனநாயகத்தில் இதைவிடப் பாதுகாப்பான ஏற்பாடு கிடையாது.

அதன் நோக்கம் நான்கு வகை மனிதர்களை உருவாக்குவது: வெற்றிகரமாகக் கற்பவர், தன்னம்பிக்கையுள்ள தனிநபர், பொறுப்புள்ள குடிமகன், திறம்படப் பங்களிப்பவர். வேலைவாய்ப்பு விளம்பரத்தில் கேட்கும் அதே நாலு தகுதிகள். பள்ளித் தாழ்வாரங்களில் இந்த நான்கையும் சுவரொட்டியாக ஒட்டியிருப்பார்கள். அடித்தளமாக நான்கு விழுமியங்களும் உண்டு: ஞானம், நீதி, கருணை, நேர்மை. ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்தின் வெள்ளிச் செங்கோலில் பொறித்திருக்கும் சொற்கள் அவை. செங்கோலில் இருப்பதை நாடாளுமன்றத்தில் இருப்பவர்கள் படிப்பதில்லை என்பதால் ஐந்து வயதுக் குழந்தைகளிடம் கொடுத்துவிட்டார்கள்.

பாடத்திட்டத்தின் உடல் 'அனுபவங்களும் விளைவுகளும்' என்ற பட்டியல். மொழி, கணிதம், அறிவியல், சமூகவியல், கலை, தொழில்நுட்பம், சமயமும் அறமும், உடல்நலமும் மனநலமும் என எட்டுப் பிரிவு. இதன் இலக்கணத்தைக் கவனிக்க வேண்டும். முழுக்க முழுக்கத் தன்மை ஒருமை. 'என்னால் முடியும்.' 'நான் ஆராய்ந்திருக்கிறேன்.' 'நான் உணர்கிறேன்.' எழுதியவர்கள் ஓய்வூதியத்தை எட்டிப் பார்க்கும் அதிகாரிகள். பேசுவதோ ஐந்து வயதுக் குழந்தை. பொம்மலாட்டக்காரர் திரைக்குப் பின்னாலிருந்து கீச்சுக் குரல் கொடுப்பது போலத்தான். ஒரு வித்தியாசம், பொம்மலாட்டத்தில் கயிறு கண்ணுக்குத் தெரியும்.

மொழிப் பிரிவின் தொடக்கநிலையில் ஒரு வாசகம்: மொழியின் ஒலிகளோடும் அவற்றின் ஒழுங்கோடும் விளையாடி நான் மகிழ்கிறேன் என்று குழந்தை சொல்வதாக வரும். அதற்கு லிட் 0-01ஏ என்று எண். அதே மகிழ்ச்சிக்கு 0-11ஏ, 0-20ஏ என்று இன்னும் இரண்டு எண்கள். நம்மூரில் நிலத்துக்குத்தான் சர்வே எண் போடுவார்கள். இங்கே சந்தோஷத்துக்குப் போட்டிருக்கிறார்கள், அதுவும் உட்பிரிவோடு. மழைநாளில் சளி பிடித்து ஒரு பிள்ளை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தால் மூன்று விளைவுகள் ஒரே நேரத்தில் எட்டப்படாமல் போகின்றன. பாவம் ஆசிரியை, அதற்கும் ஒரு படிவம் நிரப்ப வேண்டும்.

இப்படி எழுதியதில் ஒரு சௌகரியம் உண்டு. 'மாணவர்களுக்கு ஏழாம் வாய்ப்பாடு கற்பிக்க வேண்டும்' என்று எழுதினால் கற்பிக்காதவர் யார் என்று கேட்கலாம். 'என்னால் முடியும்' என்று எழுதினால், முடியாதபோது குற்றவாளி அந்த 'என்'தான். வாக்கியத்திலேயே பழி குழந்தைமேல் விழும்படி செய்திருக்கிறார்கள். வாய்ப்பாடு எங்கேயுமே இல்லை என்று சொல்லவில்லை, இருக்கிறது. எதைக் கற்பிப்பது என்றே விளங்கவில்லை என்று ஆசிரியர்கள் ஆண்டுக்கணக்கில் புலம்பிய பிறகு, 2017-ல் 'அளவுகோல்கள்' என்று இன்னொரு கட்டுக் காகிதத்தை அதன்மேல் வைத்தார்கள். வைக்கோற்போரில் ஊசி தொலைந்தது என்றவரிடம் இன்னொரு வண்டி வைக்கோல் இறக்கிய கதை.

என் மகன் அந்தப் பருவத்தில் வைக்கிங் கப்பல் செய்துகொண்டிருந்தான். பல பாடங்களை ஒன்றாகப் பின்னிப் படிப்பதாம். மூன்று வாரம். கார்ன்ஃப்ளேக்ஸ் அட்டைப்பெட்டி, செல்லோ டேப், ஐஸ் குச்சி. கப்பல் முடிந்ததும் தலைக்குக் கொம்பு வைத்த தொப்பி. தொப்பியோடு வீட்டுக்கு வந்தவனிடம், "வைக்கிங்னா யாருடா?" என்று கேட்டேன்.

"கொம்புத் தொப்பி போட்டவங்கப்பா."

"எங்கேருந்து வந்தாங்க?"

"கப்பல்லேருந்து."

வைக்கிங்குகள் கொம்புத் தொப்பி போட்டதில்லை. அது பத்தொன்பதாம் நூற்றாண்டில் நாடகமேடை போட்டுவிட்ட தொப்பி. மூன்று வாரத்தில் அவனுக்குத் தங்கிய ஒரே தகவலும் பொய். ஆனால் ஒட்டினான், வெட்டினான், குழுவாகச் செய்தான், தன் கப்பலுக்குத் தானே இரண்டு நட்சத்திரமும் ஒரு 'அடுத்த முறை'யும் எழுதிக்கொண்டான். 'திறம்படப் பங்களிப்பவர்' கட்டத்தில் டிக்.

இன்னொரு தாழ்வாரத்தில் நியாய வணிகச் சுவர். 2013-ல் ஸ்காட்லாந்து தன்னை நியாய வணிக நாடு என்று அறிவித்துக்கொண்டது. சுவரில் வாழைப்பழம், சாக்லேட், தேநீர்க் கோப்பை, சிரிக்கும் விவசாயி. ஸ்காட்லாந்தின் கின்கார்டின்ஷயரிலிருந்து போன ஜேம்ஸ் டெய்லர் 1867-ல் இலங்கையின் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டதையும், அந்த மலைகளுக்குத் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுபோகப்பட்ட கூலிகள் லயன் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகக் கிடந்ததையும், கிளாஸ்கோவின் ஜேம்ஸ் ஃபின்லே நிறுவனம் மூணாறு மலையைத் தேயிலையாக்கியதையும் அந்தச் சுவரில் தேடினேன். ஒட்டுவதற்கு இடமில்லைபோலும். விவசாயியின் சிரிப்பைக் கொஞ்சம் பெரிதாக வரைந்துவிட்டார்கள்.

பழைய பள்ளி உசத்தி என்று சொல்ல வரவில்லை. ஊருக்கு ஒரு பள்ளி வேண்டும் என்று மதச் சீர்திருத்தவாதி ஜான் நாக்ஸின் கூட்டம் 1560-லேயே எழுதிவைத்த நாடு இது. 1696-ல் அதைச் சட்டமாகவும் போட்டது. அதே நாட்டில் லாக்கெல்லி என்ற சுரங்க ஊர் பள்ளிகளுக்கென்றே தோல்வார் தயாரித்துப் பேர் வாங்கியது. பிள்ளையின் உள்ளங்கையில் அதால் அறைவார்கள். இரண்டு ஸ்காட்லாந்துத் தாய்மார்கள் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போய் 1982-ல் தீர்ப்பு வாங்கிய பிறகு, 1987-ல்தான் அரசுப் பள்ளிகளில் அது நின்றது. அந்த வார் ஒழிந்ததற்கு யாரும் அழ வேண்டாம். வாரோடு சேர்த்து வாய்ப்பாட்டையும் ஏன் குப்பையில் போட்டார்கள் என்பதுதான் கேள்வி.

சரி, விளைவு என்ன? அதைத் தெரிந்துகொள்ள முடியாதபடி கவனமாகப் பார்த்துக்கொண்டார்கள். டிம்ஸ், பர்ல்ஸ் என்ற சர்வதேச ஒப்பீட்டுத் தேர்வுகளிலிருந்து 2010-ல் விலகினார்கள். பாடத்திட்டம் பள்ளிக்கு வந்த அதே ஆண்டு, தற்செயல்தான், நம்புவோம். உள்நாட்டில் 2011-ல் ஒரு கணக்கெடுப்பு தொடங்கினார்கள். உயர்பள்ளி இரண்டாம் ஆண்டு மாணவர்களில் நன்றாக எழுதுகிறவர்கள் 2012-ல் 64 விழுக்காடு, 2016-ல் 49 என்று அது சொன்னது. அதோடு கணக்கெடுப்பை நிறுத்தினார்கள். எடை குறைகிறது என்று தெரிந்ததும் தராசைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, கடைக்காரர் கையாலேயே தூக்கிப் பார்த்துச் சொல்லட்டும் என்று விட்டார்கள். ஒதுக்க முடியாமல் மிச்சமிருந்தது பீசா என்ற சர்வதேசத் தேர்வு. அதில் 2012-ல் கணிதத்தில் ஸ்காட்லாந்து 498, இங்கிலாந்து 495. 2022-ல் இங்கிலாந்து 492, ஸ்காட்லாந்து 471. பெருந்தொற்று என்று காரணம் சொன்னார்கள். கொரோனா எல்லைக்கோட்டில் பாஸ்போர்ட் பார்த்து வடக்கே மட்டும் போனது என்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அளவிடுவதே பிடிக்காதவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். தங்களை அளப்பதுதான் பிடிக்காது. பி-1 குழந்தைகளுக்கு, அதாவது ஷூ நாடா கட்டத் தெரியாத ஐந்து வயதுக்காரர்களுக்கு, 2017-ல் கணினித் தேர்வு கொண்டுவந்தார்கள். குழந்தைகள் திரைமுன் அழுததை ஆசிரியர்கள் சொன்னார்கள். 2018 செப்டம்பரில் எடின்பரோ நாடாளுமன்றம் 63-க்கு 61 என்று அந்தத் தேர்வை நிறுத்தச் சொல்லி வாக்களித்தது. அரசு மூக்கைச் சொறிந்துவிட்டுத் தேர்வைத் தொடர்ந்தது. பொறுப்புள்ள குடிமகனாவது எப்படி என்று நாட்டின் குழந்தைகளுக்கு அன்று நடந்த செய்முறை வகுப்பு அது.

2015 ஆகஸ்டில் முதல்வர் நிக்கோலா ஸ்டர்ஜன் எடின்பரோவின் ஏழ்மைப் பகுதியான வெஸ்டர் ஹெய்ல்ஸில் நின்று, ஏழைப் பிள்ளைக்கும் வசதியான பிள்ளைக்கும் இடையிலுள்ள கல்வி இடைவெளியை வைத்தே என்னை எடைபோடுங்கள் என்றார். அடுத்த ஆண்டு, பத்தாண்டில் அந்த இடைவெளி கிட்டத்தட்ட முழுதாக மறையும் என்று திட்டம் அறிவித்தார்கள். அதாவது 2026. தொடக்கப்பள்ளி எழுத்தறிவில் 2016-17-ல் இடைவெளி சுமார் 22 விழுக்காட்டுப் புள்ளி. ஏழு ஆண்டு கழித்து சுமார் 20. ஏழு ஆண்டுக்கு இரண்டு புள்ளி என்றால் மிச்சத்துக்குப் பத்து ஏழு, எழுபது ஆண்டு. இந்தக் கணக்குப் போட ஏழாம் வாய்ப்பாடு வேண்டும். இப்போது புரிகிறதா ஏன் அது தாளில் இல்லை என்று?

அந்த உரை நிகழ்ந்த மாதத்தில் பி-1 சேர்ந்த குழந்தை, 2026-ல் தேசியத் தேர்வு எழுதும் வயதுக்கு வந்திருக்கும். எடைபோடச் சொன்னவர் 2023-லேயே பதவியை விட்டுப் போய்விட்டார். நடுவில் கல்வி அமைச்சராக இருந்த ஜான் ஸ்வின்னி 2024-ல் அந்த நாற்காலிக்கு வந்தார். பெரியவர்களின் நாற்காலி அது, முழங்கால் இடிக்காது. பி-6, பி-7 பிள்ளைகள் எல்லோருக்கும் இலவச மதிய உணவு என்ற வாக்குறுதியையும் 2024-ல் அவர்தான் தள்ளிவைத்தார். பி-5 வரை எல்லோருக்கும் சோறு, அதற்குமேல் ஏழை என்று சான்று காட்டினால்தான். கிட்டத்தட்ட நான்கில் ஒரு குழந்தை வறுமையில் இருக்கும் நாட்டில், பசி பத்து வயதில் தானாக நின்றுவிடும் என்று யாரோ ஆராய்ந்து, உணர்ந்து, மகிழ்ந்திருக்கிறார்கள்.

திரும்ப அந்தக் குட்டி நாற்காலிக்கு வருகிறேன். ஆசிரியையைக் குறை சொல்ல மனம் வரவில்லை. நான்காம் ஆண்டிலிருந்து ஒரு வகுப்பில் 33 பேர் வரை விதிப்படி திணிக்கலாம். நாட்டில் பத்துக்கு நான்கு பிள்ளைகள் கூடுதல் ஆதரவு தேவைப்படுபவர்கள் என்று அரசே கணக்குச் சொல்கிறது. வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம் வகுப்புச் சுமை குறைப்பதாக 2021-ல் சொன்னது சொன்னபடியே இருக்கிறது, சொல்லாகவே. ஆசிரியையின் கண்ணுக்குக் கீழே கருவளையம். கையில் மார்க்கர் மை.

நான் ஏழாம் வாய்ப்பாட்டை இரண்டாம் முறை கேட்டதும் அவர் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு முன்னால் குனிந்து, குரலைத் தாழ்த்தி, போதைமருந்து விற்கிற இடத்தைச் சொல்வதுபோலச் சொன்னார்: "வீட்டில் சொல்லிக்கொடுங்கள். தினமும் பத்து நிமிடம். ஒப்பிக்கச் சொல்லுங்கள். சத்தமாக."

உன்னதத்துக்கான பாடத்திட்டம் மொத்தமும் அந்தக் கிசுகிசுப்பில் இருந்தது. பள்ளி கொடுக்காவிட்டால் வாய்ப்பாடு அழிந்துவிடாது. அது வீட்டுக்குப் போய்விடும். வாய்ப்பாடு தெரிந்த அப்பா, ஞாயிற்றுக்கிழமை ட்யூஷன், அலமாரி நிறையப் புத்தகம் இருக்கிற வீட்டுக்குப் போகும். எனக்கு எங்கள் ஊர் வாத்தியார் பிரம்பைக் காட்டி ஏற்றிவிட்டது இன்னும் தூக்கத்தில் கேட்டாலும் வரும். என் மகன் தப்பித்துக்கொள்வான். இடைவெளியை ஒழிக்க வந்த திட்டம் எங்கள் வீட்டுச் சமையலறை மேசையில்தான் அந்த இடைவெளியைத் தினமும் பத்து நிமிடம் வளர்க்கிறது. வளர்ப்பது நான்.

மணி அடித்தது. என் பத்து நிமிடம் முடிந்தது. நாற்காலியிலிருந்து என்னைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு எழுந்தேன். அடுத்து ஒருவர் உட்கார்ந்தார். செக்யூரிட்டி சீருடை, கழுத்தில் அடையாள அட்டை, வேலையிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும். முழங்கால் மேசையில் இடித்தது. மன்னிப்புக் கேட்டார், மேசையிடம்.

கோட்டு மாட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். "கற்றலில் நம்பிக்கையோடு ஈடுபடுகிறாள். சவால்களை எதிர்கொள்கிறாள். தன் பயணத்தில் அழகாக முன்னேறுகிறாள்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. எதையும் கேட்கவில்லை. கேட்டால்தானே குனிந்து சொல்வார்கள். நன்றி, ரொம்ப நன்றி என்று இரண்டு தரம் சொன்னார். சிரிக்கும் முகம் போட்ட அந்தத் தாளை மடிப்பு விழாமல் பார்த்து மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மூன்று நிமிடத்திலேயே எழுந்து போனார்.